ஜிஎஸ்டி தணிக்கை அறிவிப்பு: 2பி-யில் வராத பில்களுக்கு என்ன பதில் தருவது?

கேள்வி (பட்டறை உரிமையாளர், பீன்யா, பெங்களூரு)

அனைவருக்கும் வணக்கம். பீன்யாவில் சிறிய சிஎன்சி பட்டறை நடத்தி வருகிறேன். 2022-23ஆம் நிதியாண்டுக் கணக்கைத் தணிக்கை செய்ய வருவதாக ஏடிடி-01 படிவத்தில் அறிவிப்பு வந்திருக்கிறது. எங்களுக்கு இரும்புக் கம்பி தந்த வியாபாரி ஒருவரின் பில்கள் சிலவற்றில் சிக்கல் இருக்கிறது. வரியையும் சேர்த்து வங்கி மூலமாகவே அவருக்குப் பணம் கொடுத்திருக்கிறோம். பில், இ-வே பில், எடைச் சீட்டு எல்லாம் கையில் உள்ளன. ஆனால் அவர் தாக்கல் ஒழுங்காகச் செய்யவில்லை. நாங்கள் எடுத்த உள்ளீட்டு வரி வரவு (கொள்முதலில் கொடுத்த வரியை நாங்கள் கட்டும் வரியில் கழித்துக்கொள்வது) செல்லுமா? விவரம் தெரிந்தவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

மறுமொழி 1 (மின்சாதனக் கடைக்காரர், சிவாஜிநகர்)

எங்கள் 2018-19 தணிக்கையில் இதே பிரச்சினை வந்தது. அந்த வியாபாரியிடமிருந்தே வரி கட்டியதற்கான சான்றிதழை வாங்கிக் கொடுத்தோம், ஏற்றுக்கொண்டார்கள். நீங்களும் அப்படியே செய்யலாம்.

மறுமொழி 2 (ஆடிட்டர் அலுவலகப் பணியாளர், ராஜாஜிநகர்)

மேலே சொன்ன வழி பழைய ஆண்டுகளுக்குத்தான் பொருந்தும், ஐயா. 2022 ஜனவரி 1 முதல், பில் 2பி-யில் (வியாபாரிகளின் தாக்கலை வைத்து ஜிஎஸ்டி தளத்தில் நமக்கு வரும் கொள்முதல் பட்டியல்) வந்தால்தான் வரவு எடுக்க முடியும் என்று சட்டமே சொல்வதால், 2022-23க்குச் சான்றிதழை நம்பி உட்கார வேண்டாம். முதலில் அந்த பில்களை இரண்டாகப் பிரியுங்கள். 2பி-யில் வந்தும் வியாபாரி 3பி (வரி கட்டும் ரிட்டர்ன்) தாக்கல் செய்யாதவை ஒரு வகை. ஜிஎஸ்டி 37ஏ விதிப்படி இவற்றின் வரவைத் திருப்ப வேண்டும் என்றாலும், அவர் பின்னால் 3பி தாக்கல் செய்தால் மீண்டும் எடுத்துக்கொள்ளலாம். 2பி-யிலேயே வராதவை மற்றொரு வகை. அவற்றைக் காப்பாற்றுவது கடினம்.

கேள்வி கேட்டவர்

பார்த்தேன், பாதிக்கு மேல் 2பி-யில் இல்லை. அப்படியானால் மூன்று வருட வட்டியும் சேர்த்துக் கட்ட வேண்டுமா? அது எங்களைப் போன்ற பட்டறைக்குத் தாங்காது.

மறுமொழி 2 (தொடர்ச்சி)

கவலைப்படுவதற்கு முன் ஜிஎஸ்டி தளத்தில் உங்கள் வரவின் இருப்பைக் காட்டும் மின்னணு வரவு லெட்ஜரை எடுத்துப் பாருங்கள். 88பி விதிப்படி, தவறாக எடுத்த வரவைப் பயன்படுத்தியிருந்தால்தான் 18 சதவீத வட்டி; லெட்ஜரின் இருப்பு அந்தத் தொகைக்குக் கீழே இறங்கிய நாளிலிருந்துதான் அது பயன்படுத்தப்பட்டதாகக் கொள்ளப்படும். எடுத்துக்காட்டாக, கேள்விக்குரிய வரவு 40,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இருப்பு எந்நாளும் 40,000க்குக் குறையாமல் இருந்திருந்தால், வரவைத் திருப்பினால் போதும், வட்டி வராது. இந்தக் கணக்கைத் தேதிவாரியாக ஒரு தாளில் போட்டு, தணிக்கைக்கு வருபவர்களிடம் நீங்களே எழுத்தில் கொடுங்கள்.

இரும்புப் பட்டறை என்பதால் இன்னும் இரண்டைச் சொல்லியாக வேண்டும். பதிவில்லாத போக்குவரத்து நிறுவனம் எல்.ஆர். (லாரி ரசீது) கொடுத்து ஏற்றிய லோடுக்கு, ரிவர்ஸ் சார்ஜில் (சேவை பெறுபவரே வரி கட்டும் முறை) 5 சதவீத வரியை நீங்கள்தான் ரொக்க லெட்ஜரிலிருந்து, அதாவது வரவில் கழிக்காமல் பணமாகவே, கட்ட வேண்டும். விடுபட்டிருந்தால் இப்போது சுய பில் (அவருக்குப் பதிலாக நீங்களே போடும் பில்) போட்டு, வட்டியோடு கட்டிய பின் அந்த வரியை வரவாக எடுக்க, 2024 ஜூன் 26 தேதியிட்ட 211ஆம் சுற்றறிக்கை வழி தருகிறது. எல்.ஆர். இல்லாமல் லாரிக்காரர் நேரே ஏற்றிய வாடகைக்கு இந்த வரி இல்லை. அடுத்தது கடைசலில் விழும் துருவல். வாங்கிய கம்பியின் எடையையும் விற்ற துருவலின் எடையையும் அதிகாரிகள் நிச்சயம் ஒப்பிடுவார்கள் என்பதால், ஸ்க்ராப் விற்ற பில்களைத் தனிக் கோப்பாக வையுங்கள். ஜாப் வொர்க் (பிற கம்பெனியின் பொருளில் கூலிக்குச் செய்யும் வேலை) பொருளின் துருவலை உரிமையாளர் கம்பெனிக்கே திருப்பியிருந்தால் அந்த டெலிவரி சலானும் வேண்டும்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி, ஐயா. கட்ட வேண்டியதை இப்போதே கட்டிவிடலாமா, அவர்கள் சொல்லும் வரை காத்திருக்கலாமா?

மறுமொழி 2

மறுக்க முடியாத தொகையை டிஆர்சி-03இல் (தாமாக முன்வந்து வரி கட்டும் படிவம்) இப்போதே கட்டிவிடுங்கள். ஏமாற்றும் நோக்கமில்லாத நிலையில், காரணம் கேட்கும் நோட்டீஸுக்கு முன் வரியும் வட்டியும் கட்டினால் ஜிஎஸ்டி சட்டத்தின் 73ஆம் பிரிவில் அபராதம் கிடையாது. உங்களுக்கு உடன்பாடில்லாத தொகையை மட்டும், வற்புறுத்தினாலும், ஒப்புக்கொண்டதாக எழுதிக் கொடுக்காதீர்கள். தணிக்கை முடிந்து 30 நாட்களுக்குள் ஏடிடி-02 படிவத்தில் கண்டறிந்தவற்றைத் தெரிவிப்பார்கள், அதன் பிறகு நோட்டீஸ் வந்தால் பதில் சொல்ல உங்களுக்கு வாய்ப்பு உண்டு.