கருதுகோள் என்பது ஊகம்தானே? எறும்பு வரிசையில் ஒரு சந்தேகம்

மகளின்அப்பா:

எல்லாருக்கும் வணக்கம். அறிவியல் புத்தகத்தைத் தொட்டு இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, கேள்வி சின்னப்பிள்ளைத்தனமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மகள் எட்டாவது படிக்கிறாள். 'அறிவியல் முறை' என்று ஒரு பாடம். நோக்குதல், கேள்வி, கருதுகோள், சோதனை, முடிவு என்று ஐந்து கட்டம் போட்டு நடுவில் அம்புக்குறி வரைந்திருக்கிறார்கள். அதை மனப்பாடம் பண்ணியாயிற்று. இப்போது அதே வரிசையில் வீட்டில் ஏதாவது செய்து எழுதி வரச் சொல்லியிருக்கிறார்கள்.

இவள் எறும்பைப் பிடித்துக்கொண்டாள். தரை ஓரமாகப் போய்க்கொண்டிருந்த வரிசையின் குறுக்கே விரலை வைத்து அழுத்தி ஒரு தடவை தேய்த்தாள். அந்த இடத்துக்கு வந்த முதல் எறும்பு சட்டென்று நின்று, உணர்கொம்பை இப்படியும் அப்படியும் ஆட்டிவிட்டு, திரும்பி, பின்னால் வந்ததோடு முட்டிக்கொண்டது. "பார்த்தியாப்பா, வாசனை அழிஞ்சு போச்சு" என்றாள். நோட்டில் எழுதியது: 'எறும்புகள் தரையில் விடும் வாசனையைப் பின்பற்றியே வரிசையாகச் செல்கின்றன.' ஆசிரியர் பக்கத்தில் 'இது ஊகம். கருதுகோளாக எழுது' என்று சிவப்பு மையில் குறித்து அனுப்பிவிட்டார். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று அவள் என்னைக் கேட்க, நான் முழிக்க, இங்கே வந்திருக்கிறேன்.

இன்னொன்று. மொத்தம் 8 தடவை தேய்த்திருக்கிறாள். 6 தடவை எறும்பு நின்றது. 2 தடவை எதுவுமே நடக்காதது போலத் தாண்டிப் போய்விட்டது. அந்த இரண்டையும் எழுதாமல் விட்டுவிடலாமா என்கிறாள். கூடாது என்று மனதுக்குப் படுகிறது, ஏன் என்று சொல்லத்தான் வரவில்லை. அப்புறம், கருதுகோளை நிரூபித்துவிட்டால் அது கோட்பாடு ஆகிவிடும் என்று அவள் தோழி சொன்னாளாம். அது சரியா?

கரும்பலகை:

ரொம்ப நாள் வகுப்பெடுத்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன், அந்த ஆசிரியர் சொன்னதில் பாதிதான் சரி. எந்தக் கருதுகோளும் ஊகமாகத்தான் பிறக்கிறது, அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. அந்த ஊகத்தைப் பிடித்துக்கொண்டு 'அப்படியென்றால் நான் இதைச் செய்தால் இது நடக்க வேண்டும், இது நடக்கவே கூடாது' என்று முன்கூட்டியே சொல்ல முடிந்தால் அது கருதுகோள். 'நடக்கவே கூடாது' என்கிற பாதியைத்தான் பிள்ளைகள் விட்டுவிடுவார்கள். என்ன நடந்தாலும் பொருந்திப் போகிற ஒரு வாக்கியத்தைச் சோதித்து என்ன பண்ணுவது? உங்கள் மகள் எழுதிய வாக்கியத்தில் தப்பில்லை, அதற்கு அடுத்த வரிதான் இல்லை.

ஆனால் எனக்குப் பெரிய குறையாகப் படுவது வாக்கியம் இல்லை, விரல். விரலால் தேய்த்தபோது ஒரே நேரத்தில் எத்தனை விஷயம் நடந்தது என்று எண்ணிப் பாருங்கள். தரையில் இருந்த வாசனை அழிந்திருக்கலாம். விரலின் வியர்வையும் எண்ணெய்ப் பசையும் தரையில் ஒட்டி, அது எறும்புக்குப் பிடிக்காமல் போயிருக்கலாம். அல்லது கை வந்த நிழலிலோ அதிர்விலோ மிரண்டிருக்கலாம். மூன்றில் எது உண்மையாக இருந்தாலும் எறும்பு நிற்கத்தான் போகிறது! அப்படியானால் எறும்பு நின்றது எதற்குச் சாட்சி? மூன்றுக்கும்தான். அதாவது எதற்கும் இல்லை. நல்ல சோதனை என்பது போட்டிக்கு நிற்கிற விளக்கங்கள் ஆளுக்கொரு பதில் சொல்லியாக வேண்டிய இடத்துக்கு அவற்றைத் தள்ளிக்கொண்டு போவது.

இப்படிச் செய்து பார்க்கச் சொல்லுங்கள். வரிசை போகிற பாதையில் ஒரு சதுரக் காகிதத்தைப் போட்டு அரை மணி நேரமாவது விட்டுவிடுங்கள். முதலில் தயங்குவார்கள் (எறும்பாரைத்தான் சொல்கிறேன்), பிறகு அதன் மேலேயே வழி போட்டுவிடுவார்கள். நடமாட்டம் சீரானதும் காகிதத்தின் ஓரத்தை இடுக்கியால் பிடித்துக் கால் வட்டம் திருப்புங்கள். இப்போது விரல் படவில்லை, எதுவும் அழியவில்லை, வாசனைக் கோடு மட்டும் திசை மாறியிருக்கிறது. எறும்பு வாசனையை நம்பிப் போகிறது என்றால் காகித ஓரத்தில் வழி அறுந்தது போலத் தடுமாற வேண்டும். வேறு எதையோ பார்த்துப் போகிறது என்றால் நேராகப் போய்க்கொண்டே இருக்க வேண்டும்.

ஒன்று மறக்கக் கூடாது. இன்னொரு தடவை காகிதத்தைத் தூக்கி, திருப்பாமல், அதே கிடையில் திரும்ப வைக்க வேண்டும். அசைவுக்கும் நிழலுக்கும் மட்டுமே எவ்வளவு மிரளுகிறார்கள் என்பது அப்போதுதான் தெரியும். ஒப்பீட்டுக்கு இப்படி ஒன்றை வைக்காமல் செய்கிற சோதனையை நான் சோதனைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

இது பழைய வித்தைதான். இறைச்சியில் புழு தானாக உண்டாகிறது என்று நம்பிய காலத்தில், 1668-இல் பிரான்செஸ்கோ ரெடி என்ற இத்தாலியர் சில ஜாடிகளைத் திறந்து வைத்தார், சிலவற்றை இறுக மூடினார். மூடியதில் புழு இல்லை. 'காற்று போகாததால் புழு பிறக்கவில்லை' என்று யாராவது சொல்லலாம் இல்லையா? அதனால் மெல்லிய வலைத்துணியாலும் மூடிப் பார்த்தார். காற்று போகும், ஈ போகாது. அப்போதும் இறைச்சியில் புழு வரவில்லை. அந்தத் துணிதான் எனக்கு அந்தச் சோதனையிலேயே பிடித்த இடம்.

பூச்சிப்பித்தன்:

கரும்பலகை சார் சொன்ன காகிதச் சோதனை அருமை. ஒரு எச்சரிக்கை மட்டும்: எல்லா எறும்பும் வாசனையை மட்டும் நம்பிப் போவதில்லை. சகாராவில் கேட்டாகிளிஃபிஸ் என்று ஒரு வகை. கொதிக்கிற மணலில் தனியாக இரை தேடி வளைந்து வளைந்து அலைந்துவிட்டு, கிடைத்ததும் கூட்டுக்கு நேர்கோட்டில் திரும்பும். திசைக்கு வானத்து வெளிச்சம் உதவுகிறது. தூரம்? அதற்குப் பல யோசனைகள் இருந்தன. செலவாகும் சக்தியை வைத்து அளக்கிறது என்று ஒன்று, கண்ணுக்குக் கீழே தரை நகர்வதை வைத்து என்று ஒன்று, காலடியை எண்ணுகிறது என்று ஒன்று.

2006-இல் வெளிவந்த ஆய்வில் என்ன செய்தார்கள் தெரியுமா? எறும்பைக் கூட்டிலிருந்து 10 மீட்டர் நடக்கவிட்டு, இரை இருக்கும் இடத்தில் பிடித்து, சிலவற்றின் கால்களில் பன்றி மயிரை ஒட்டிப் பொய்க்கால் கட்டினார்கள். சிலவற்றின் கால்நுனியை வெட்டிக் குட்டையாக்கினார்கள் (கொடூரம்தான், மறுக்கவில்லை). அடியை எண்ணுகிறது என்பது உண்மையானால் நெட்டைக்கால் எறும்பு அதே எண்ணிக்கை அடி வைத்துக் கூட்டைத் தாண்டிப் போக வேண்டும், குட்டைக்கால் எறும்பு முன்னாலேயே நின்றுவிட வேண்டும். அப்படியேதான் நடந்தது. நெட்டை சுமார் 15 மீட்டர் போய்க் கூட்டைத் தேடியது, குட்டை 6 மீட்டருக்குள்ளேயே தேட ஆரம்பித்துவிட்டது. அதோடு விடவில்லை. அதே மாற்றிய கால்களோடு கூட்டில் விட்டு, அடுத்த நடையைப் போகும்போதும் வரும்போதும் அதே காலில் நடக்கவிட்டார்கள். இப்போது கணக்குச் சரியாக வர வேண்டும் அல்லவா? வந்தது.

'எறும்பு தடுமாறும்' என்பதோடு நிறுத்தாமல் எந்தப் பக்கம் தடுமாறும் என்பது வரை முதலிலேயே சொன்னார்கள் பாருங்கள், அதுதான் விஷயம். பொய்க்கால் கட்டிய எறும்பு எப்படியும் குழம்பத்தான் செய்யும் என்று ஒருவர் சொல்லலாம். ஆனால் குழப்பத்தில் நெட்டை எப்போதும் தூரமாகவும் குட்டை எப்போதும் கிட்டத்திலும் நிற்குமா என்ன?

எண்கணக்கி:

அந்த 2 தடவைக்கு வருகிறேன். கண்டிப்பாக எழுதச் சொல்லுங்கள். பிடிக்காத முடிவை நீக்கிவிட்டால் 8-க்கு 6 என்பது 6-க்கு 6 ஆகிவிடும், நோட்டு அழகாக இருக்கும், ஆனால் எந்தக் கருதுகோளையும் அப்படி வெற்றி பெற வைக்கலாமே.

8-க்கு 6 என்பதும் பெரிய வெற்றி கிடையாது. சும்மா நாணயத்தை 8 தடவை சுண்டினாலே 6 அல்லது அதற்கு மேல் தலை விழ 256-க்கு 37 வாய்ப்பு இருக்கிறது, சுமார் 14 சதவீதம். ஏழு பேர் சுண்டினால் ஒருவருக்கு வந்துவிடும். இன்னும் நிறையத் தடவை செய்யச் சொல்லுங்கள். எத்தனை தடவை என்று தொடங்கும் முன்பே முடிவு செய்துகொள்ளட்டும், நல்ல எண் வரும்வரை செய்துவிட்டு அங்கே நிறுத்துவதும் ஏமாற்றுதான்.

அந்த இரண்டில் என்ன வித்தியாசம் என்று அவள் யோசிக்கலாம், யோசிக்க வேண்டும். மெதுவாகத் தேய்த்தாளோ, தரை ஈரமோ. ஆனால் 'மெதுவாகத் தேய்த்ததால்தான் அந்த இரண்டும் தவறிப் போயின' என்பது முடிவு தெரிந்த பிறகு கண்டுபிடித்த விளக்கம். அது புதுக் கருதுகோள். அதைப் புதிதாகத் தேய்த்துத்தான் பார்க்க வேண்டும், பழைய 8-ஐ வைத்தே அதற்கும் மார்க் போடக் கூடாது.

கரும்பலகை:

எண்கணக்கி, எழுதச் சொன்னது நூற்றுக்கு நூறு சரி, ஆனால் நாணயக் கணக்கு இங்கே ஒட்டாது. தொடாத பாதையில் எறும்பு பாதிக்குப் பாதியா நிற்கிறது? அநேகமாக நிற்பதே இல்லை. 8-க்கு 6-ஐ ஒப்பிட வேண்டியது தொடாத பாதையில் 8-க்கு எத்தனை நின்றது என்பதோடு. அதை அவள் எண்ணவில்லை, அதுதான் குறை.

எண்கணக்கி:

ஒத்துக்கொள்கிறேன் சார். கையில் சுத்தியல் இருந்தது, அடித்துவிட்டேன்.

வால்மீன்:

கோட்பாடு கேள்வியை யாரும் தொடவில்லை. கருதுகோளுக்குப் பதவி உயர்வு கொடுத்தால் கோட்பாடு ஆகிவிடாது. 'இந்த எறும்பு வாசனையைப் பின்பற்றுகிறது' என்பது எத்தனை முறை தேறினாலும் ஒரு தனி உண்மையாகத்தான் இருக்கும். கோட்பாடு என்பது இப்படிப்பட்ட ஏராளமான உண்மைகளைச் சேர்த்து ஏன் என்று விளக்குகிற பெரிய கட்டுமானம், பரிணாமக் கோட்பாடு மாதிரி, தொற்றுநோய்களுக்குக் கிருமிகள்தான் காரணம் என்று விளக்குகிற கிருமிக் கோட்பாடு மாதிரி. 'நிரூபித்துவிட்டால்' என்ற சொல்லையும் அவள் நோட்டில் போடாமல் இருந்தால் நல்லது. சோதனையில் தாக்குப்பிடித்தது என்று எழுதட்டும்.

அந்த ஐந்து கட்ட அம்புக்குறி பற்றியும் ஒரு வார்த்தை. அதைப் பார்த்தால் சரியான வழியில் போனால் சரியான விடை வந்துவிடும் என்று தோன்றும். லெவெரியே என்ற பிரெஞ்சுக்காரரின் கதையைச் சொல்லுங்கள் அவளிடம். யுரேனஸ் கோள் கணக்குப்படி நகரவில்லை. நியூட்டனின் ஈர்ப்பு விதி தப்பா, அல்லது கண்ணுக்குப் படாத இன்னொரு கோள் இழுக்கிறதா? இரண்டாவதைப் பிடித்துக்கொண்டு, அந்தக் கோள் எங்கே இருக்க வேண்டும் என்று காகிதத்தில் கணக்குப் போட்டு பெர்லினுக்குக் கடிதம் எழுதினார். 1846 செப்டம்பர் 23 இரவு அங்கிருந்த வானியலாளர் காலே தொலைநோக்கியைத் திருப்பினார், சொன்ன இடத்திலிருந்து ஒரு பாகைக்குள் நெப்டியூன்.

அடுத்து புதன். அதன் சுற்றுப்பாதையும் கணக்கோடு கொஞ்சம் ஒத்துவரவில்லை. அதே மனிதர், அதே யோசனை: சூரியனுக்கும் புதனுக்கும் நடுவில் ஒரு கோள் இருக்க வேண்டும் என்று 1859-இல் சொன்னார். வல்கன் என்று பெயர்கூட வைத்தாயிற்று. பார்த்ததாகச் சிலர் சொன்னார்கள், உறுதியாகவில்லை. வருடக்கணக்கில் தேடினார்கள், கிடைக்கவே இல்லை. கடைசியில் 1915-இல் ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் என்ற புது ஈர்ப்புக் கோட்பாடு, நூற்றாண்டுக்கு 43 விகலை (ஒரு விகலை என்பது ஒரு பாகையில் 3600-இல் ஒரு பங்கு) என்ற அந்தச் சின்ன இடைவெளியை எந்தக் கோளும் இல்லாமலே விளக்கிவிட்டது. முதல் தடவை ஈர்ப்பு விதி சரி, கோள்தான் கண்ணில் படாமல் இருந்தது. இரண்டாவது தடவை விதியே போதவில்லை. இரண்டு தடவையும் அவர் ஒரே மாதிரிதான் யோசித்தார். எது எப்படி என்பது தொலைநோக்கி வழியாகப் போய்ப் பார்க்கும்வரை யாருக்கும் தெரியாது.

மகளின்அப்பா:

எல்லாருக்கும் நன்றி. சனி, ஞாயிறு இரண்டு நாளும் தரையில்தான் கிடந்தோம். திருப்பி 10, திருப்பாமல் 10 என்று முதலிலேயே எழுதி வைத்துக்கொண்டாள். எதை எப்போது செய்வது என்று சீட்டுக் குலுக்கினோம்.

முதல் சோதனையிலேயே சண்டை வந்துவிட்டது. எறும்பு ஒரு நொடி நின்றது, பிறகு போய்விட்டது. நான் 'நின்றது' என்றேன், அவள் 'நிற்கவில்லை' என்றாள். யோசித்துப் பார்த்தால், முதல் 8 தடவையிலும் நின்றது என்றால் என்ன என்று யாரும் சொல்லவே இல்லை. அந்தச் சோதனையைத் தள்ளிவிட்டுப் புதிதாகத் தொடங்கினோம் (தள்ளியதையும் காரணத்தோடு எழுதியிருக்கிறாள்). காகித ஓரத்துக்கு வருகிற முதல் எறும்பு 5 நொடிக்குள் தாண்டாவிட்டால் நின்றது, தாண்டினால் இல்லை. நான் காகிதத்தைத் தொட, அவள் கடிகாரத்தோடு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்து, நான் 'சரி' என்றதும் திரும்பிப் பார்த்து எண்ணினாள். திருப்பினேனா இல்லையா என்று தெரியாமல் எண்ண வேண்டும் என்று அவளுக்கே தோன்றிவிட்டது.

திருப்பியதில் 10-க்கு 9 நின்றது. திருப்பாமல் வைத்ததில் 10-க்கு 3. அந்த 3-தான் இப்போது அவளுக்குத் தூக்கம் வராமல் செய்கிறது. காகிதத்தைத் தூக்கியதில் மிரண்டதா, அல்லது நான் திரும்ப வைக்கும்போது கோடு ஒரு மயிரிழை விலகி உட்கார்ந்துவிட்டதா? பென்சிலால் தரையில் மூலைகளைக் குறித்துக்கொண்டு அந்த 10-ஐ மறுபடி செய்ய வேண்டும் என்கிறாள். நோட்டைத் திங்கள்கிழமை கொடுக்க வேண்டும், இவள் இப்போதுதான் நான்காவது பக்கத்தில் இருக்கிறாள்.

பூச்சிப்பித்தன்:

குறிக்கும்போது பென்சிலை எறும்புப் பாதையில் படாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.