ரிட்டயர் ஆன பிறகு பிரான்சில் கோடைக்காலக் காட்டுத்தீ வேலை: 61 வயதில் இடம் உண்டா?

லாஸ்பேட்டை சொல்தா:
எல்லோருக்கும் வணக்கம். பிரெஞ்சு ராணுவத்தில் வண்டி மெக்கானிக்காக இருந்து, பென்ஷன் வாங்கிக்கொண்டு புதுச்சேரிக்கே திரும்பி வந்தவன் நான். பிரெஞ்சுக் குடியுரிமை இருக்கிறது. மகள் குடும்பம் துலோன் பக்கத்தில் இருப்பதால் கோடை முழுக்க அங்கேதான். மிஸ்திரால் காற்று அடிக்கிற நாட்களில் மலைக்குப் பின்னால் புகை கிளம்புவதையும், அந்த மஞ்சள் சிவப்பு கனடேர் விமானங்கள் கடலை உரசித் தண்ணீர் அள்ளிக்கொண்டு போவதையும் பார்த்துவிட்டு சும்மா உட்கார்ந்திருக்க மனசு வரவில்லை. சீசனுக்கு மட்டும் அந்த விமானத் தளத்தில் ஏதாவது வேலை கிடைக்குமா? சம்பளம் பெரிதில்லை. இந்த வயசில் நெருப்பிடம் என்ன வேலை என்று வீட்டுக்காரி கேட்கிறாள், அவளுக்கும் ஒரு பதில் வேண்டும்.

முத்தியால்பேட்டை டு வார்:
அண்ணே, விமானத் தள ஆசையை விட்டுவிடுங்கள். கனடேர், டேஷ் என்கிற இன்னொரு வகைத் தீயணைப்பு விமானம் எல்லாம் நீம் நகரத்துப் பக்கம் காரோன் தளத்திலிருந்து கிளம்புகின்றன. ஓட்டுபவர்களில் பெரும்பாலோர் முன்னாள் ராணுவ விமானிகள், பராமரிப்புக்கு விமான மெக்கானிக் உரிமம் வேண்டும், வண்டி அனுபவத்தை வைத்து உள்ளே போக முடியாது. டேஷ் விமானம் தரையில் இறங்கித்தான் சிவப்புத் தீத்தடுப்பு மருந்தை நிரப்பிக்கொள்ளும். அந்த இடத்துக்கு பெலிகாந்த்ரோம் என்று பெயர், அங்கே குழாய் மாட்டுவதும் மாவட்டத் தீயணைப்பு வீரர்கள்தான்.

ஆனால் உங்களுக்கென்றே ஒரு இடம் இருக்கிறது. துலோன் இருக்கிற வார் மாவட்டத்தில் ஊருக்கு ஊர் மேரியின் (நகராட்சி அலுவலகம்) கீழ் காட்டுத்தீக் குழு உண்டு, சுருக்கமாக சேசேஎஃப்எஃப் என்பார்கள். ஆரஞ்சு சட்டை போட்டவர்களைப் பார்த்திருப்பீர்கள், அதில் பாதிப் பேர் ரிட்டயர் ஆனவர்கள்தான். சம்பளம் கிடையாது. தண்ணீர்த் தொட்டி வைத்த பிக்கப்பில் காட்டுப் பாதைகளைச் சுற்றி வருவது, மேட்டில் நின்று புகை பார்ப்பது, ஆபத்து அதிகமான நாட்களில் காட்டுக்குள் போகிறவர்களைத் திருப்பி அனுப்புவது, பெரிய வண்டிகள் வந்தால் வழி காட்டுவது, இவ்வளவுதான் வேலை. அந்த பிக்கப்பையும் பம்பையும் ஓட விடத் தெரிந்த மெக்கானிக் கிடைத்தால் விடவே மாட்டார்கள். அங்கே பத்தில் ஒன்பது தீ மனிதர்களால்தான் பிடிக்கிறது, சிகரெட், பார்பெக்யூ, வெல்டிங் பொறி என்று. அதனால் ஆளைத் தடுத்து நிறுத்துவதே பாதித் தீயை அணைப்பதுதான். 2025 ஆகஸ்டில் ஓத் மாவட்டத்தில் 16,000 ஹெக்டேர் எரிந்தது, காற்றோடு கிளம்பிவிட்டால் எத்தனை விமானம் வந்தும் உடனே நிறுத்த முடியாது.

கடலூர் ஓ.டி. விமானப்படை:
ஐயா, நான் நம்ம விமானப்படையில் ஹெலிகாப்டர் பிரிவில் இருந்தவன். மேலே சொன்னது அத்தனையும் சரி, ஒன்று மட்டும் சேர்க்கிறேன். மேலேயிருந்து கொட்டுகிற தண்ணீர் தீயை அணைக்கிறது என்று நினைக்கிறார்கள், அது தீயின் வேகத்தைத்தான் குறைக்கும். கனடேர் 12 நொடியில் சுமார் 6,000 லிட்டர் அள்ளும், நம்ம எம்ஐ-17 ஹெலிகாப்டரில் தொங்கவிடுகிற பாம்பி பக்கெட் என்ற தண்ணீர்ப் பையில் அதைவிடக் குறைவு. எவ்வளவு கொட்டினாலும் தரையில் ஆள் போய்க் தணலைக் கிளறி அணைக்காவிட்டால் கொஞ்ச நேரத்தில் மறுபடி பிடித்துக்கொள்ளும். ஹெலிகாப்டர் ரொம்பத் தாழப் பறந்தால் அதன் காற்றே தீயை விசிறிவிடும், அந்தக் கவலை எங்களுக்கு எப்போதும் உண்டு.

நீங்கள் குழுவில் சேர்ந்தால், விமானம் வருகிறது என்று ரேடியோவில் சொன்னதும் கொட்டுகிற பாதையை விட்டு விலகிவிடுங்கள். பல டன் தண்ணீர் மொத்தமாக விழும்போது மரக்கிளையே முறியும்.

பண்ருட்டி வனவர்:
நான் தேனி மலையில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனேன், இப்போது முந்திரித் தோப்போடு இருக்கிறேன். நம்ம ஊரிலும் பிப்ரவரியிலிருந்து மழை வரும் வரை தீ சீசன்தான், தீத்தடுப்புக் கோடு வெட்டக் கூலிக்கு ஆள் எடுப்பார்கள். ஆனால் அந்தக் கூலி மலைக் கிராமத்து ஜனங்களுக்குப் போக வேண்டியது, பென்ஷன் வாங்குகிற நாம் அதில் போய் நிற்கக் கூடாது என்பது என் எண்ணம். அந்த வகையில் சம்பளமில்லாத அந்தக் குழு உங்களுக்கு நல்ல இடம்.

2018 மார்ச்சில் தேனி குரங்கணி மலையில் பிடித்த காட்டுத்தீயை யாரும் மறக்க முடியாது. காய்ந்த புல் சரிவில் தீ மேல்நோக்கி ஏறுகிற வேகத்துக்கு இளைஞர்களாலேயே ஓட முடியவில்லை. அதனால் சார், எந்த மலையிலும் தீக்கு மேல்பக்கம் நிற்காதீர்கள். பயிற்சியில் சொல்வார்கள், இருந்தாலும் நானும் சொல்லிவிடுகிறேன்.

லாஸ்பேட்டை சொல்தா:
மூன்று பேருக்கும் ரொம்ப நன்றி. வீட்டில் முழுசாகப் படித்துக் காட்டினேன். பிக்கப் ஓட்டுவது, புகை பார்ப்பது வரைக்கும் சரி, நெருப்புக்குப் பக்கத்தில் போகக் கூடாது என்று சொல்லிவிட்டாள். முத்தியால்பேட்டை தம்பி, அந்தக் குழுவில் சேர மேரியில் எப்போது போய்க் கேட்க வேண்டும்? மே மாதம் டிக்கெட் போடலாம் என்று பார்க்கிறேன்.

முத்தியால்பேட்டை டு வார்:
மே வரை காத்திருக்காதீர்கள் அண்ணே. பயிற்சியை சீசனுக்கு முன்னாடியே முடித்துவிடுவார்கள், இப்போதே மகளை மேரிக்கு அனுப்பி உங்கள் பெயரைக் கொடுக்கச் சொல்லுங்கள்.