கேமுக்குப் புதியவரான துணையோடு எதை ஆடத் தொடங்கினோம்: எங்கள் பக்கத்து அனுபவங்கள்

ஓசூரிலிருந்து:

எங்களுக்கு 2022-இல் திருமணம் ஆயிற்று. நான் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறேன். என் மனைவி பாலக்கோட்டுக்கு அருகே ஒரு கிராமத்துப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறார். என் பெற்றோரோடு ஊரிலேயே வசிக்கிறார். நேரில் பார்த்துக்கொள்வது பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைகளில்தான். மற்ற நாட்களில் இரவு எட்டு மணிக்கு மேல் கைபேசியில் பேசுவோம், ஆனால் சாப்பாடும் பள்ளியும் ஷிப்டும் பேசி முடிந்தபின், விருப்பம் இருந்தும் இருவருக்கும் சொல்ல எதுவும் இல்லாமல் போகும். பள்ளி நாட்களிலிருந்தே கேம் ஆடிவரும் எனக்கு, இருவரும் சேர்ந்து ஏதாவது ஆடலாமே என்று தோன்றியது அப்படித்தான். அவரோ அதுவரை ஒரு கேமைக்கூடத் தொட்டதில்லை.

நான் முதலில் தேர்ந்தது எனக்குப் பிடித்த பிஜிஎம்ஐ என்ற கைபேசித் துப்பாக்கிச் சண்டை கேம். அதுதான் என் பெரிய தவறு. நூறு பேர் குதிக்கும் அந்த வரைபடத்தில் அவர் இறங்கிய இடத்திலேயே சுவரைப் பார்த்தபடி நின்றார், சுடப்பட்டார், மீண்டும் இறங்கினார், மீண்டும் சுடப்பட்டார். மூன்றாவது முறைக்குப் பிறகு, "நீங்க ஆடுங்க, நான் கேட்டுக்கிட்டு இருக்கேன்" என்றார். ஆர்வம் இல்லை போலும் என்று நினைத்து விட்டுவிட்டேன்.

உண்மையான காரணம் அடுத்த பொங்கல் விடுப்பில்தான் எனக்குப் புரிந்தது. தம்பதிகளுக்கென்றே செய்ததுபோல் எல்லோரும் பரிந்துரைக்கும் இட் டேக்ஸ் டூ என்ற கேமை என் மடிக்கணினியில் போட்டு, இரண்டு கன்ட்ரோலர்களுடன் (இடது கட்டைவிரலால் நடக்கவும் வலது கட்டைவிரலால் பார்வையைத் திருப்பவும் உதவும் கைக்கருவி) பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்தோம். ஸ்வீடனின் ஹேஸ்லைட் நிறுவனம் உருவாக்கி 2021-இல் வெளிவந்த அந்த கேமைத் தனியாக ஆடவே முடியாது, கட்டாயம் இருவர் வேண்டும். அதே ஆண்டு தி கேம் அவார்ட்ஸ் விழாவில் ஆண்டின் சிறந்த கேமாகவும் அது தேர்வாயிற்று. கதையும் அவருக்குப் பிடித்திருந்தது. ஆனால் அவர் கைகளை அருகிலிருந்து பார்த்தபோது ஒன்றைக் கவனித்தேன்: இடது கட்டைவிரலால் நடக்கும்போது வலது கட்டைவிரல் நின்றுவிடுகிறது, வலது விரலால் பார்வையைத் திருப்பும்போது கால் நின்றுவிடுகிறது. நடப்பதும் திரும்பிப் பார்ப்பதும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும் என்பது எனக்கு யாரும் சொல்லித்தராமலேயே பல ஆண்டுப் பழக்கத்தில் வந்த ஒன்று. அதனால் அது ஒரு தனித் திறமை என்பதே எனக்கு மறந்து போயிருந்தது. ஸ்கூட்டி மட்டும் ஓட்டியவரிடம் கியர் வண்டியைக் கொடுத்து, முதல் நாளே தொப்பூர் மலைப்பாதையில் இறங்கச் சொன்னதற்கு ஒப்பான செயல் அது.

எனவே புதிதாக வருபவருக்கு ஒரு கேமைத் தேர்வதற்கு முன் நான் இப்போது கேட்கும் முதல் கேள்வி, அதில் பார்வையைத் திருப்பும் வேலை ஆடுபவருடையதா என்பதே. கதை, அழகு, விலை எல்லாம் அதற்குப் பிறகுதான். மேலிருந்து பார்ப்பதுபோல் காட்சி அமைந்த கேம்களில் அந்த வேலை இல்லை. ஸ்டார்டியூ வேலி அப்படிப்பட்டது. எரிக் பரோன் என்ற ஒரே மனிதர் தனியாக உருவாக்கி 2016-இல் வெளியிட்ட விவசாய கேம் அது. பலர் சேர்ந்து ஆடும் வசதி 2018-இல் வந்தது. கல்லூரி நாட்களில் அரசு வழங்கிய பழைய மடிக்கணினி என் மனைவியிடம் இருந்தது. 2 ஜிபி நினைவகம் போதும் என்பதால் அதிலேயே தடையின்றி ஓடியது.

என் மாமனார் குடும்பம் தக்காளி விவசாயம் செய்யும் குடும்பம். தொடக்கத்தில் கிடைக்கும் 15 விதைகளை நட்டு, தண்ணீர் ஊற்றி, நான்கு நாள் கழித்து அறுவடை செய்ததும் அவர் பேச்சே மாறிவிட்டது. கோடைப் பருவம் வந்தபோது எந்தப் பயிர் வைக்கலாம் என்பதை அவரே கணக்குப் போட்டார்: கேமுக்குள் வழங்கும் காசில் தக்காளி விதை 50, ஒரு பழம் 60, முதல் நாளே நட்டால் 12-ஆம் நாள் முதல் பறிப்பு, பிறகு நான்கு நாளுக்கொரு பறிப்பு, பருவம் 28 நாள் என்பதால் ஒரு செடிக்கு ஐந்து பறிப்பு. அந்தக் கணக்கை நான் அதுவரை போட்டதே இல்லை. சில வாரம் ஆடியபின் ஒருநாள், "ஏங்க, இங்க எப்பவும் அறுபதுதானா? விலை இறங்கவே இறங்காதா?" என்று கேட்டார். இறங்காது என்றேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, ஒரு வருடம் பாலக்கோடு மண்டியில் கூலிக்கும் கட்டுப்படியாகாத விலை போனதால் அவருடைய அப்பா செடியோடு பழத்தை விட்டுவிட்டு வந்ததைச் சொன்னார். திருமணமாகி அவ்வளவு நாளாகியும் எனக்கு அது தெரியாது. கைபேசியில் பேசிய நாட்களில் அவர் அதைச் சொல்லியிருக்க வாய்ப்பே இல்லை என்று நினைக்கிறேன்; தண்ணீர் ஊற்றிக்கொண்டே பேசும்போதுதான் அது வந்தது.

இதைத் தேர்பவர்களுக்கு இரண்டு எச்சரிக்கைகள். மீன் பிடிப்பதும் சுரங்கத்தில் சண்டையிடுவதும் புதியவருக்குக் கடினமானவை, அவற்றைத் தொடக்கத்தில் நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். இன்னொன்று, சேர்ந்து ஆடும்போது பெட்டியைத் திறந்து பார்த்தாலும் கேமின் நேரம் நிற்பதில்லை. அவர் பொருளைத் தேடும்போது "சீக்கிரம், சீக்கிரம்" என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். நான் ஒருமுறை சொன்னேன், அன்று அவர் அத்துடன் மடிக்கணினியை மூடிவிட்டார்.

கிருஷ்ணகிரியிலிருந்து:

ஓசூர் சகோதரர் சொன்ன கட்டைவிரல் விஷயத்தை என் கணவரிடம் நானும் பார்த்திருக்கிறேன். எங்கள் வீட்டில் நிலைமை தலைகீழ்: கல்லூரி விடுதியில் இரவெல்லாம் கேம் ஆடியவள் நான், ஒன்றும் தெரியாதவர் என் கணவர். அவர் மாம்பழ வியாபாரம் செய்கிறார். மே, ஜூன், ஜூலை மாதங்களில் மண்டியும் லாரியும் கூழ்த் தொழிற்சாலையுமாக அலைந்து இரவு பத்து மணிக்கு மேல்தான் பேசவே கிடைப்பார். சில வாரங்கள் வெளியூரிலேயே தங்கிவிடுவார். அவரிடம் இருப்பது கைபேசி மட்டும், அதுவும் களைத்த கண்களோடு.

நான் தேர்ந்தது ஸ்கை: சில்ட்ரன் ஆஃப் தி லைட். ஐபோனுக்கு 2019-இலும் ஆண்ட்ராய்டுக்கு 2020-இலும் வந்த அதை இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். நான் அதைத் தேர்ந்ததற்கு ஒரே காரணம், அதில் கை கோத்துக்கொள்ள முடியும் என்பதுதான். ஒருவர் கையை நீட்ட, மற்றவர் பிடித்துக்கொண்டால், முன்னால் செல்பவர் நடந்தாலும் பறந்தாலும் பின்னால் இருப்பவரும் கூடவே வருவார். அவர் எந்தப் பொத்தானையும் தொடத் தேவையில்லை. முதல் வாரம் முழுவதும் என் கணவர் பறக்கவே கற்றுக்கொள்ளவில்லை. நான் இழுத்துச் சென்றேன், அவர் மேகங்களைப் பார்த்துக்கொண்டு வந்தார். இரண்டாம் வாரம் ஓரிடத்தில் அவராகவே கையை விட்டுவிட்டுத் தனியாக ஓடினார், சற்று தூரம் சென்று வழி தெரியாமல் நின்று என்னைக் கூப்பிட்டார். நான் எதையும் கற்பிக்க முயலாததால்தான் அவர் அவ்வளவு சீக்கிரம் கற்றுக்கொண்டார் என்பது என் உறுதியான எண்ணம்.

அதில் மழை பெய்யும் ஒரு காடு வரும். மழையில் நம் ஒளி குறைந்துகொண்டே போகும். ஒருவர் அருகில் ஒருவர் நின்றால் மீண்டும் ஏறும். கற்றுத்தருபவரும் கற்றுக்கொள்பவரும் என்ற வேறுபாடு அந்த இடத்தில் இல்லை, எனக்கும் அவர் தேவைப்பட்டார். புதியவர் ஒருவருக்கு இது எவ்வளவு முக்கியம் என்பதை, அனுபவம் உள்ளவர்களாகிய நாம் நினைத்துப் பார்ப்பதில்லை. இருண்ட பறவைநாகம் போன்ற ஒன்று துரத்தும் பகுதியும் பின்னால் உண்டு. அங்கே அவசரப்பட்டு அழைத்துச் செல்ல வேண்டாம். நாங்கள் இரண்டு மாதம் கழித்தே சென்றோம்.

வீட்டில் வந்த சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். 'ஆன்லைன் கேம்' என்ற சொல்லைக் கேட்டவுடன் என் மாமியார் பயந்துவிட்டார். அவர் மனத்தில் அது ரம்மி. உறவில் ஒருவர் அதில் பணத்தை இழந்ததை அவர் கண்ணால் பார்த்தவர், அந்தப் பயத்தை நான் மதிக்கிறேன். தமிழ்நாடு அரசு 2022-இல் ஆன்லைன் சூதாட்டத்துக்கு எதிராகச் சட்டம் கொண்டுவந்ததையும், பணம் கட்டி ஆடும் கேம்களை நாடு முழுவதும் தடை செய்து 2025 ஆகஸ்டில் மத்திய அரசு சட்டம் இயற்றியதையும் எடுத்துச் சொன்னேன். அதைவிட, ஒருநாள் மாலை அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, நாங்கள் ஆடுவதைப் பார்க்க வைத்ததே பயன் தந்தது. இத்தகைய கேம்களுக்குள்ளும் உடை, அணி போன்றவற்றை விலைக்கு விற்கும் பகுதி இருப்பதால், புதியவர் தெரியாமல் அழுத்திவிடாதபடி கைபேசியில் வாங்குவதற்குக் கடவுச்சொல் கேட்கும் வசதியை முதல் நாளே போட்டுவிடுங்கள்.

பென்னாகரத்திலிருந்து:

நான் சொல்லவிருப்பது பேசப் பிடித்த தம்பதிகளுக்கானது. வீ வேர் ஹியர் என்ற கேம் 2017-இல் வந்தது, கணினியில் இலவசமாகக் கிடைக்கிறது. பனி சூழ்ந்த கோட்டைக்குள் இருவரும் தனித்தனியே அகப்பட்டிருப்பார்கள். கையில் ஆளுக்கொரு வாக்கி டாக்கி. ஒருவர் காணும் குறியீட்டை மற்றவர் காண முடியாது, வாயால் சொல்லித்தான் புரியவைக்க வேண்டும். ஓசூர் நண்பர் கேட்கும் கேள்விக்கு இதில் விடை பாதி சாதகம்தான், ஏனெனில் பார்வையைத் திருப்பும் வேலை உண்டு. ஆனால் இரு பாத்திரங்களில் நூலகத்தில் இருப்பவர் அதிகம் அலைய வேண்டியதில்லை. புதியவருக்கு அதைக் கொடுத்துவிட்டு, ஓடும் வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

என் மனைவி அந்தக் குறியீடுகளை எப்படிச் சொன்னார் தெரியுமா? "மேல ஒரு சுழி, பக்கத்துல ஒத்தக் கொம்பு, கீழ துணைக்கால் மாதிரி நீட்டி விட்டிருக்கு." ஒரே முறையில் எனக்கு விளங்கிவிட்டது. வட்டம், கோடு என்று நான் சொன்ன எதுவும் அவருக்கு அப்படி விளங்கவில்லை. அன்று முதல் நாங்கள் அந்த கேம் முழுவதையும் எழுத்துறுப்புகளின் பெயராலேயே ஆடி முடித்தோம்.

இணைப்பு மோசமான இடத்தில் இருப்பவர்கள் இதைத் தவிர்ப்பது நல்லது. பேச்சு அறுந்தால் கேமே இல்லை.

தருமபுரியிலிருந்து:

நான் பணி ஓய்வு பெற்றவன். மகள் பிரசவத்துக்காக என் மனைவி மூன்று மாதம் கோயம்புத்தூரில் இருந்தபோது, மருமகன் எங்கள் இருவர் கைபேசியிலும் லூடோ கிங்கைப் போட்டுத்தந்தார். தனி அறை ஒன்றைத் திறந்து, அதன் எண்ணை மற்றவருக்கு அனுப்பினால் இருவர் மட்டும் ஆடலாம். என் மனைவி சிறு வயது முதல் தாயம் ஆடியவர் என்பதால் கற்பிக்க ஒன்றும் இருக்கவில்லை. தாயத்தில் ஒன்று விழுந்தால்தான் காயை இறக்க முடியும், இங்கே ஆறு விழ வேண்டும். தாயத்தில் ஒரு காயையாவது வெட்டினால்தான் உள்கட்டத்துக்குள் போக முடியும், இங்கே அந்தக் கட்டுப்பாடு இல்லை. அந்த ஒன்று மட்டும் அவருக்கு இன்றுவரை ஏற்புடையதாக இல்லை. "வெட்டாம எப்படிங்க பழமாகும்?" என்று ஒவ்வொரு ஆட்டத்திலும் கேட்பார். ஆகவே வெட்டாமல் காயை உள்ளே ஏற்றுவதில்லை என்று எங்களுக்குள் ஒரு விதி வைத்துக்கொண்டு ஆடினோம். துணைக்கு ஏற்கெனவே தெரிந்த ஆட்டம் எது என்று கேட்டுவிட்டு, அதற்கு நெருக்கமானதை எடுங்கள் என்பதே என் யோசனை.

கிருஷ்ணகிரியிலிருந்து, மீண்டும்:

ஓசூர் சகோதரரிடம் ஒரு கேள்வி. அனுபவம் உள்ளவருக்கு வரும் பெரிய சோதனை, துணை தூங்கியபின் தனியாக ஆடுவது. ஸ்கையில் நான் அப்படித் தனியாக ஆடி, எல்லா இடங்களையும் முன்பே பார்த்துவிட்டேன். பிறகு அவர் "அடடா" என்று வியக்கும்போது என்னால் கூட வியக்க முடியவில்லை, அது எனக்கு இன்றும் வருத்தம். நீங்கள் என்ன செய்தீர்கள்?

ஓசூரிலிருந்து, மீண்டும்:

நீங்கள் சொல்லும் தவறை நானும் செய்தேன். முதல் பண்ணை என் கணினியில் இருந்தது. ஸ்டார்டியூவில் பண்ணை யாருடைய கணினியில் உள்ளதோ அவர் திறந்தால்தான் மற்றவர் உள்ளே வர முடியும், திறந்தவர் மட்டும் தனியாகவும் ஆட முடியும். இரவு ஷிப்ட் முடிந்து தூக்கம் வராத ஒரு நாளில் ஒரு முழுப் பருவத்தையும் நானே ஆடிவிட்டேன். மறுநாள் உள்ளே வந்த அவருக்கு வயலே அடையாளம் தெரியவில்லை. அவர் நட்ட தக்காளி பருவம் மாறியதால் காய்ந்து அகற்றப்பட்டிருந்தது, அந்த இடத்தில் நான் வேறு எதையோ வைத்திருந்தேன். "இது உங்க காடு. நான் எதுக்கு?" என்றார். பத்து நாள் அவர் வரவில்லை.

அதன்பின் புதிய பண்ணை ஒன்றை அவருடைய மடிக்கணினியில் தொடங்கினோம். இப்போது அவர் திறக்காமல் நான் உள்ளே போக முடியாது. அந்தப் பழைய மடிக்கணினியின் பேட்டரி நிற்பதில்லை, மின்சாரம் போனால் இருவரும் வெளியே வந்துவிடுவோம். இரவு உறங்கும்போதுதான் கேம் சேமிக்கப்படும் என்பதால் அன்றைய வேலை வீணாகும். ஆனால் அதில் ஒரு நாள் என்பது ஏறத்தாழ 14 நிமிடம்தான், அதனால் அந்த இழப்பைப் பொறுத்துக்கொள்கிறோம்.

இந்த வாரம் விடைத்தாள் திருத்தும் வேலை அவருக்கு இருக்கிறது. வியாழக்கிழமைதான் திறப்பேன், அதுவரை கோழிகளைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், நாம் இல்லாதபோது அங்கே நாள் நகராது என்று அவரே எனக்கு விளக்கிச் சொல்லியிருக்கிறார்.