மருந்து வலையில் விழுந்த வண்டு மறுநாள் எழுந்து நடக்கிறது, இதை எப்படிக் கணக்கில் எடுப்பது?

வண்டுப்பிடி:
எம்.எஸ்சி. ஆய்வுக்கு டெல்டாமெத்ரின் என்கிற பூச்சிமருந்தை நூலிலேயே சேர்த்து நெய்த வலையை, கிடங்குத் தானிய வண்டுகளுக்காக எடுத்திருக்கிறேன். சிவப்பு மாவு வண்டு, தானியத் துளைப்பான் வண்டு இரண்டையும் பெட்ரி தட்டில் வலைத்துண்டின் மேல் விட்டுப் பார்க்கிறேன். கொசுவுக்குச் செய்கிற கூம்புச் சோதனையைப் போலவே 3 நிமிடம் வலையில் விட்டு, ஒரு மணி நேரத்தில் எத்தனை விழுந்தன, 24 மணி நேரத்தில் எத்தனை செத்தன என்று எண்ணுகிறேன். ஒரு மணி நேரத்தில் எல்லாம் மல்லாந்து கிடக்கின்றன, மறுநாள் பார்த்தால் பாதிக்கு மேல் எழுந்து நடக்கின்றன! சிலது செத்ததா நடிக்கிறதா என்றே புரியவில்லை. வழிகாட்டி இறப்புச் சதவீதத்தைக் கேட்கிறார். நேரத்தைக் கூட்டலாமா, இல்லை வலையே சரியில்லையா?

பழைய பூச்சிக்காரன்:
இதை வைத்து வலையைக் குறை சொல்ல முடியாதும்மா. டெல்டாமெத்ரின் போன்ற பைரெத்ராய்டு வகை மருந்து நரம்பிலுள்ள சோடியம் வாயில்களை மூடவிடாது, அதனால் பூச்சி துடித்து விழும், ஆனால் உள்ளே போன அளவு குறைவென்றால் உடம்பே அதை உடைத்துத் தள்ளிவிட்டு எழுந்துகொள்ளும். விழுந்தது வேறு, செத்தது வேறு. நடக்கிறது, கால் மட்டும் ஆடுகிறது, அசைவே இல்லை என்று மூன்றாகப் பிரித்து எழுது, 24 மணி நேரத்தோடு நிறுத்தாமல் 72 மணி, ஒரு வாரம் என்று தொடர்ந்து பார். மாவு வண்டைத் தொட்டால் செத்த மாதிரி கிடக்கும், தூரிகையால் மெல்லத் தொட்டுவிட்டுக் கொஞ்சம் பொறுத்துப் பார்த்த பிறகே எண்ணு.

அப்புறம், வலையைத் தட்டின் அடியில் இறுக்கி ஒட்டியிருக்கிறாயா? வண்டு ஓரச் சுவரில் ஒண்டி நின்றுவிட்டால் உன் 3 நிமிடத்தில் பாதிகூட வலைமேல் கழியாது. சுவரில் ஃபுளூவான் பூசு, அந்த வழுக்குப் பூச்சில் வண்டு ஏறாது. ஒப்பீட்டுக்கு வெறும் தட்டை வைக்காதே, அதே அளவு கண்ணுள்ள மருந்தில்லாத வலை வேண்டும், இடுக்கியும் தனி.

எண்ணுக்கணக்கு:
ஒரு தட்டில் 20 வண்டு விட்டால் அது 20 மறுசோதனை ஆகாது, ஒன்றுதான். வெவ்வேறு வளர்ப்பு ஜாடி, வலையின் வெவ்வேறு இடத்துத் துண்டு, வெவ்வேறு நாள் என்று மாற்று. ஒப்பீட்டுத் தட்டில் கொஞ்சம் செத்தால் மருந்தில்லாமலே செத்ததைக் கழிக்க அபாட் 1925-இல் கொடுத்த சூத்திரத்தால் திருத்தலாம், 20 சதவீதத்தைத் தாண்டினால் அந்தச் சோதனையையே தூக்கிப் போடு.

கிடங்குக்காரர்:
படிப்பு விஷயத்தில் தலையிடுவதற்கு மன்னிக்கவும். டெல்டாமெத்ரின் 2.5 சதவீதத் தூளை லிட்டருக்கு 40 கிராம் கரைத்து, 100 சதுர மீட்டருக்கு 3 லிட்டர் வீதம் மூட்டை அட்டிமேல் அடிக்கிறோம். டைகுளோர்வாஸ் என்கிற இன்னொரு பூச்சிமருந்து 2020 டிசம்பரோடு தடையாகிப் போய்விட்டது. இதில் வலை எதற்கு? கூன்வண்டுப் புழு அரிசி மணிக்குள்ளேயே உட்கார்ந்து தின்கிறது, வெளியே தொங்குகிற வலை அதை என்ன செய்துவிடும்?

பழைய பூச்சிக்காரன்:
ஒன்றும் செய்யாது, அதற்குப் பாஸ்பீன் புகைதான். ஆனால் புகை போட்டு உறையை எடுத்த மறுநாளே வெளியிலிருந்து புதிதாக வண்டு வரலாம், பாஸ்பீனுக்குச் சாகாத வண்டுகளும் நம் நாட்டில் பெருகிவிட்டன, அதனால் திரும்ப வருவதைக் குறைக்கத்தான் வலை. துளைப்பான் 3 மில்லிமீட்டருக்குள், ஒல்லி, கொசுவலைக் கண்ணில் நுழைந்தே போகும். போகட்டும், நுழையும்போது உடம்பு நூலில் உரசினால் சரி.

தங்கச்சி, உன் கேள்விக்கும் விடை இங்கேதான் இருக்கிறது. அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்து மன்ஹாட்டன் ஊரிலுள்ள வேளாண் துறை ஆய்வகத்தில் நீ வைத்திருக்கிற இதே இரண்டு வண்டுகளைச் சில நிமிடம் வலையில் விட்டுவிட்டு, சாவோடு நிற்காமல் அப்புறம் எவ்வளவு தூரம் நடக்கின்றன என்றும் அளந்தார்கள், நடை வெகுவாகக் குறைந்திருந்தது. தள்ளாடித் தள்ளாடி தானியத்தை எட்டவே முடியாத வண்டு உயிரோடு இருந்தால் நமக்கென்ன? நீளமான பெட்டியில் ஒரு முனையில் வலைபட்ட வண்டு, மறுமுனையில் கோதுமை என்று வை. எட்டியவற்றைத் தனியே எடுத்து, அவை குஞ்சு பொரிக்கின்றனவா என்று ஆறேழு வாரம் கழித்து எண்ணு. வழிகாட்டிக்கு இறப்புச் சதவீதத்தையும் கொடு, பக்கத்திலேயே இந்த எண்களையும் வை. பின்னால் கப்ரா என்கிற இன்னொரு தானிய வண்டுக்குப் போவதானால் புழுவையும் சேர்த்துக்கொள், மயிர் அடர்ந்த அந்தப் புழு தாய் வண்டைவிட நன்றாகத் தாங்கும்.

வண்டுப்பிடி:
நன்றி சார். பெட்டி யோசனை பிடித்திருக்கிறது, நேரத்தையும் 1, 5, 10 நிமிடம் என்று பிரித்து வைக்கிறேன்.

கிடங்குக்காரர்:
அப்படியென்றால் வீட்டில் கிடக்கிற பழைய மருந்துக் கொசுவலையை அரிசி மூட்டைமேல் போர்த்தலாமா?

பழைய பூச்சிக்காரன்:
வேண்டாங்க. அது சாப்பாட்டுப் பொருள்மேல் போடச் செய்ததில்லை, துவைத்துத் துவைத்து மருந்து எவ்வளவு மிஞ்சியது என்றும் சொல்ல முடியாது. அரிசியைக் காயவைத்து, மூடி இறுகுகிற டிரம்மில் போடுங்கள்.