‘பேக்ஃப்ளோ பிரிவென்டர்’: தமிழில் என்ன சொல்லலாம்?

கோவையிலிருந்து:

நண்பர்களுக்கு வணக்கம்.

குழாய்ப் பணியாளர்களுக்கான கையேடு ஒன்றைத் தமிழில் எழுதிவருகிறோம். குடிநீர்க் குழாய்க்குள் அழுக்குத் தண்ணீர் திரும்பி ஏறாமல் தடுக்கும் கருவிகளைப் பற்றிய பகுதியில் சொல் முட்டுகிறது. ‘பேக்ஃப்ளோ’வுக்குப் பின்னோட்டம், எதிரோட்டம், மீள்பாய்வு என்று மூன்று சொற்கள் கையில் உள்ளன. கருவிக்குப் ‘பின்னோட்டத் தடுப்பி’ என்று எழுதிப் பிளம்பர்களிடம் படித்துக் காட்டினால், “என்.ஆர்.வி.தானுங்களே, அதைச் சொல்ல இவ்வளவு எதுக்குங்க?” என்கிறார்கள்.

அது என்.ஆர்.வி. (தண்ணீரை ஒரு திசையில் மட்டும் விடும் ‘நான் ரிட்டர்ன் வால்வு’) இல்லை என்பதைச் சொல்லத்தான் அந்தப் பகுதியே. என்.ஆர்.வி.க்குள் இருப்பது ஒரே ஒரு மடல். ஒரு மணல் துகளோ, டெஃப்லான் டேப்பின் நூலோ மடல் உட்காரும் இடத்தில் சிக்கினால் மடல் முழுசாக மூடாது. மூடவில்லை என்பதை வெளியிலிருந்து கண்டுபிடிக்கவும் வழியில்லை, சோதிக்கத் திருகு கிடையாது. மோட்டாரின் தண்ணீர் கீழிறங்காமல் பிடித்துவைக்க அது போதும். குடிக்கிற தண்ணீருக்குக் காவல் வைக்கப் போதாது. ஆகவே எனக்கு வேண்டியது, கடையில் போய்ச் சொன்னால் கடைக்காரர் என்.ஆர்.வி.யை எடுத்து நீட்டாதபடி ஒரு பெயர்.

*

பெருந்துறையிலிருந்து:

வணக்கமுங்க ஐயா. கருவிக்குப் பெயர் வைக்கும் முன் காரணங்களுக்குப் பெயர் வைத்துவிடலாம். காரணம் தெரியாமல் கருவியைத் தேர்ந்தெடுக்க முடியாது.

தண்ணீர் இரண்டு விதமாகத் திரும்பும். ஒன்று, பிரதானக் குழாயில் அழுத்தம் விழுந்து, வீட்டுப் பக்கமிருந்து தண்ணீரை உறிஞ்சுவது. குழாய் உடைந்தால் வரும், சப்ளை நின்று குழாய் வடியும்போது வரும், பக்கத்து வீட்டுக்காரர் மாநகராட்சி இணைப்பில் நேரடியாக மோட்டார் வைத்து இழுத்தாலும் வரும். இதைப் ‘பின்னிழுப்பு’ எனலாம். மற்றது, நம் பக்கத்து அழுத்தம் சப்ளை அழுத்தத்தைவிட ஏறித் தள்ளுவது. பாய்லர், பூஸ்டர் பம்ப், உயரத்துத் தொட்டி எல்லாம் இதைச் செய்யும். ‘பின்தள்ளல்’ எனலாம். ‘பின்னழுத்தம்’ என்றால் அழுத்தம் இருக்கிறது என்றுதான் ஆகும். தண்ணீர் நகர்ந்துவிட்டது என்பதைத் ‘தள்ளல்’தான் சொல்லும்.

இந்தப் பிரிவு இல்லாவிட்டால் பணம் கொடுத்துத் தப்பான கருவியை மாட்டிவிடுவார்கள். ‘வேக்குவம் பிரேக்கர்’ பின்னிழுப்பை மட்டும்தான் தடுக்கும். குழாயில் அழுத்தம் விழுந்ததும் அதன் தலை திறந்து வெளிக்காற்றை உள்ளே விடும், உறிஞ்சல் அறுந்துவிடும். பாய்லரின் பின்தள்ளலுக்கு முன்னால் அது உதவாது. ‘வெற்றிட முறிப்பான்’ என்று சில இடங்களில் பார்க்கிறேன், எனக்கு ஒட்டவில்லை. அது செய்வது காற்றை உறிஞ்சுவது. ‘காற்றுறிஞ்சி’ என்றே சொல்லலாம். சாதாரண வகையை, அதற்குப் பிறகு வரும் தண்ணீர் வாய்களில் மிக உயரத்தில் இருப்பதைவிட 150 மில்லிமீட்டராவது உயரத்தில் மாட்ட வேண்டும், அதற்குப் பிறகு மூடு வால்வு எதுவும் இருக்கக்கூடாது. ஸ்பிரிங் வைத்த அழுத்த வகைக்கு 300 மில்லிமீட்டர் உயரம், அதற்குப் பிறகு வால்வு இருக்கலாம்.

இரண்டு என்.ஆர்.வி.யை வரிசையாக வாங்கி மாட்டினால் அது ‘டபுள் செக்’ ஆகிவிடாது. இரண்டு ஸ்பிரிங் மடல்கள், இருபுறமும் மூடு வால்வு, நான்கு சோதனைத் திருகு எல்லாம் சேர்ந்து ஒரே கருவியாக வருவதுதான் அது. ‘இரட்டைமடல் தடுப்பான்’ பொருந்தும். நிறம், சுவை கெடும் அளவு ஆபத்துக்கு அது சரி. உயிருக்கு ஆபத்தான திரவம் எதிர்ப்பக்கம் இருந்தால் அதற்கு மேலே போக வேண்டும்.

*

உடுமலையிலிருந்து:

> ‘பேக்ஃப்ளோ’வுக்குப் பின்னோட்டம், எதிரோட்டம், மீள்பாய்வு

அண்ணா, இந்த மூன்றும் எனக்கு நிறைவாக இல்லைங்க. பின்னோட்டம் என்று அச்சடித்தால் பாதிப் பேர் ‘பின்னூட்டம்’ என்று படிப்பார்கள். எதிரோட்டம் வெப்பமாற்றியில் இரண்டு திரவங்கள் எதிரெதிராக ஓடும் முறைக்குப் போய்விட்டது, அங்கே அது வேண்டுமென்றே செய்வது. மீள்பாய்வு கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அதில் கெடுதல் தொனிக்கவில்லை.

நம்மிடம் ஒரு சொல் இருக்கிறது: எதுக்களிப்பு. போன சோறு புளித்து மேலே வந்தால் ‘எதுக்களிக்குது’ என்று எல்லா வீட்டிலும் சொல்கிறோம். உள்ளே போனது, கெட்டுப்போய், நம்மைக் கேட்காமல், வந்த வழியே ஏறுவது. பேக்ஃப்ளோவும் இதேதான். மருத்துவச் சொல்லாயிற்றே என்று தயங்க வேண்டாம். நீரேற்று நிலையங்களில் என்.ஆர்.வி.யை ‘ரிஃப்ளக்ஸ் வால்வு’ என்றுதான் எழுதியிருக்கிறார்கள், வயிற்று எதுக்களிப்புக்கு ஆங்கில டாக்டர் சொல்வதும் அதே ரிஃப்ளக்ஸ்தான். என்.ஆர்.வி.க்கு ‘ஒருவழி வால்வு’ என்று விட்டுவிடலாம், இந்தக் கருவிகள் மொத்தத்துக்கும் ‘எதுக்களிப்புத் தடுப்பான்’ என்று பெயர் வைக்கலாம்.

உங்கள் கையேட்டில் தோட்டத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இங்கே தென்னைக்கும் வாழைக்கும் சொட்டுநீரில் உரம் விடாத இடம் குறைவு. உரக் கரைசலை உறிஞ்சி லைனில் கலக்கும் வென்சுரி ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய்விட்டால், போர் குழாயில் நிற்கும் தண்ணீர் கீழே இறங்கும். அது இறங்கும்போது மேலே உள்ள லைனையும் உரத் தொட்டியையும் சேர்த்து இழுக்கும். யூரியாக் கரைசல் நேராகப் போருக்குள். அதே போரில்தான் வீட்டுக்குக் குடிக்கத் தண்ணீர் எடுக்கிறோம். மோட்டார் தலையிலேயே ஒருவழி வால்வு இருக்கிறதே என்பார்கள். 800 அடிக்குக் கீழே அதில் மண் கடித்துக்கொண்டால் யார் போய்ப் பார்ப்பது?

தரைக்கு மேலே இந்த வரிசையில் வர வேண்டும்: மோட்டாரிலிருந்து வரும் குழாய், அதில் ஒரு காற்றுறிஞ்சி, அடிப்பக்கம் தானாகத் திறக்கும் சிறு வடிகால், பிறகு ஸ்பிரிங் வைத்த ஒருவழி வால்வு, அதற்கும் பிறகுதான் உரம் சேரும் இடம். காற்றுறிஞ்சியை ஒருவழி வால்வுக்கு அந்தப் பக்கம் மாட்டிவிட்டால் போர் இழுக்கும் இழுப்பை அது அறுக்காது. ஒருவழி வால்வில் கசிவு இருந்தால் அந்த வடிகாலில் சொட்டும், அதுதான் எச்சரிக்கை. அந்தச் சொட்டு போர் வாயில் விழாமல் ஆறேழு மீட்டர் தள்ளிப் போய் விழட்டும். உரத் தொட்டியின் சிறு குழாயிலும் தனியாக ஒரு ஸ்பிரிங் மடல் வேண்டும். உரம் முடிந்தவுடன் மோட்டாரை நிறுத்தாமல் கால் மணி நேரம் வெறும் தண்ணீர் ஓடவிட்டால் லைனில் கரைசல் மிஞ்சாது.

மருந்தடிக்கும் டிரம்மில் ஹோஸை உள்ளே விட்டுத் தண்ணீர் பிடிப்பதையும் ஒரு வரி கண்டித்து எழுதுங்கள். ஹோஸ் முனை டிரம் விளிம்புக்கு மேலே நிற்க வேண்டும், அவ்வளவுதான். அதற்குக் கருவியே வேண்டாம்.

*

திருப்பூரிலிருந்து:

எதுக்களிப்பு எனக்குச் சம்மதம். எழுத்தில் ‘எதிர்க்களிப்பு’ என்றும் வருகிறது, கையேடு முழுக்க ஒரே வடிவத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். ‘கிராஸ் கனெக்‌ஷன்’ என்பதற்குக் ‘குறுக்கிணைப்பு’ எழுதாதீர்கள். குறுக்கே போகும் குழாய் என்றுதான் வேலைக்காரர் புரிந்துகொள்வார். ‘கலப்பிணைப்பு’ என்றால் ஆபத்து பெயரிலேயே இருக்கும்.

சாயப்பட்டறைகளில் இது அன்றாடப் பிரச்சினை. 2011-ல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, கழிவை வெளியே விடாத முறைக்கு மாறித்தான் தொழில் திரும்ப ஓடியது. இப்போது ஒரே கூரைக்குள் நல்ல தண்ணீர், மீட்டெடுத்த தண்ணீர், உப்புக் கரைசல், பாய்லர் தண்ணீர் என்று நாலு லைன் பக்கத்தில் பக்கத்தில் ஓடுகின்றன. ஒன்றில் தண்ணீர் குறைந்தால் இன்னொன்றிலிருந்து ஒரு டீ (மூன்று வாய் இணைப்பு) போட்டு வால்வு வைத்துவிடுகிறார்கள். அதுதான் கலப்பிணைப்பு.

அங்கே வேண்டியது ஆர்.பி.இசட். (‘ரெடியூஸ்டு பிரஷர் ஜோன்’) கருவி. இதற்குக் ‘குறைந்த அழுத்த மண்டலத் தடுப்பான்’ என்று மொழிபெயர்த்தால் வாயிலும் நிற்காது, ஒன்றும் விளங்காது. இரண்டு ஸ்பிரிங் மடல்கள், நடுவே ஓர் அறை, அறையின் அடியில் ஒரு வாய். ஓட்டம் சரியாக இருக்கும்போது அறையின் அழுத்தம் உள்வரும் அழுத்தத்தைவிடக் குறைவாகவே நிற்கும். அந்த வித்தியாசம் சுமார் ஒன்றரை மீட்டர் நீர் உயரம் அளவுக்குச் சுருங்குவதற்குள் அடிவாய் திறந்து அறையில் உள்ளதை வெளியே கொட்டிவிடும். மடல் இரண்டும் பழுதானாலும் அழுக்கு தரையில் போகுமே தவிரக் குடிநீரில் ஏறாது. அதனால் ‘கக்குதடுப்பான்’ என்கிறேன், அந்த வாய் ‘கக்குவாய்’. கொச்சை என்று யாரும் ஒதுக்க வேண்டாம், வண்டி புகை கக்குகிறது என்று பேசுகிறோமே. இந்தப் பெயரால் ஒரு வேலையும் நடக்கும். கக்குவாயில் தண்ணீர் சொட்டினால் லீக் என்று நினைத்து எண்ட் பிளக் போட்டு அடைத்துவிடுகிறார்கள். அடைத்த நிமிடமே கருவி செத்தது. கக்குவதுதான் அதன் வேலை என்று பெயரே சொன்னால் அடைக்கும் கை கொஞ்சம் நிற்கும்.

மாட்டும் முறையில் பிழை நடக்கும் இடங்களைக் கையேட்டில் விரிவாகக் கொடுங்கள். முதலில் லைனை முழுக்கத் திறந்துவிட்டு அலச வேண்டும். பி.வி.சி. சீவலும் வெல்டிங் கசடும் முதல் மடலில் போய் உட்காருவதுதான் புதுக் கருவி சொட்டுவதற்குப் பெரும்பாலும் காரணம். முன்னால் ஒரு ஸ்ட்ரெய்னர் வைக்கலாம், தீயணைப்பு லைனில் மட்டும் வேண்டாம். கருவி கிடைமட்டமாக, கக்குவாய் தரையிலிருந்து 300 மில்லிமீட்டருக்குக் குறையாமல், ஆள் நின்று சோதிக்க எட்டும்படி ஒன்றரை மீட்டருக்குள் இருக்க வேண்டும். குழிக்குள் ஒருபோதும் வைக்கக்கூடாது. குழியில் தண்ணீர் நின்று கக்குவாய் முழுகினால் அந்த வாய் வழியாகவே அழுக்கு ஏறும். குழித் தண்ணீர் ஏறினால் என்ன ஆகும் என்பதற்கு 1969-ல் அமெரிக்காவின் ஹோலி கிராஸ் கல்லூரியில் நடந்ததே சாட்சி. பக்கத்தில் தீயணைக்கத் தண்ணீர் எடுத்ததும் லைனில் அழுத்தம் விழுந்தது, மைதானத்துப் பாசனக் குழிகளில் நின்ற அசுத்த நீர் வீரர்கள் குடிக்கும் குழாயில் ஏறியது. அணியில் பெரும்பாலோருக்குக் கல்லீரல் அழற்சி.

கக்குவாயை வடிகால் குழாயோடு இறுக்கி இணைக்காமல், நடுவே காற்றிடைவெளி, அதாவது தண்ணீர் காற்றில் விழும் திறந்த இடம், விட்டுப் புனலில் விழவிடுங்கள். தண்ணீர் விடும்போது வெளிப்பக்க வால்வை மூடிவைத்து, உள்பக்க வால்வை மெல்லத் திறந்து, சோதனைத் திருகுகளில் காற்றை வெளியேற்றி, அப்புறம் வெளிப்பக்கத்தைத் திறக்க வேண்டும். சட்டென்று திறந்தால் மடல் ரப்பர் நகர்ந்துவிடும். பராமரிப்புக்கு வசதி என்று பக்கவழிக் குழாய் போட்டால், அதிலும் இதே வகைக் கருவி இருந்தாக வேண்டும்.

பிறகு ஓயாமல் சொட்டினால் எப்படிப் பார்ப்பது? கருவிக்குப் பிறகு வரும் ஒரு குழாயைத் திறந்து ஓட்டம் கொடுத்ததும் சொட்டு நின்றால் முதல் மடலில் அழுக்கு. வெளிப்பக்க வால்வை மூடியதும் நின்றால் இரண்டாம் மடல் கசிகிறது, அந்தப் பக்கம் பின்தள்ளலும் இருக்கிறது. விட்டுவிட்டுக் கக்கினால் உள்வரும் அழுத்தம் ஏறி இறங்குகிறது, கருவியில் குறை இல்லை. வருடம் ஒரு முறை அழுத்த வித்தியாசமானி வைத்துச் சோதிக்க வேண்டும்.

*

பெருந்துறையிலிருந்து:

கக்குதடுப்பானுக்கு என் ஆதரவு. ஆனால் அதை மாநகராட்சி இணைப்பின் வாயில் மாட்டச் சொல்லி எழுதிவிடாதீர்கள். அதைத் தாண்டும்போது ஏழு முதல் பத்து மீட்டர் அழுத்தம் போய்விடும். நம் குடிநீர் வாரியங்கள் பின்பற்றிவந்த 1999-ஆம் ஆண்டு மத்திய வழிகாட்டியே ஒற்றைத்தளப் பகுதிக்குக் குழாய் முனையில் ஏழு மீட்டர்தான் கேட்டது, பல தெருக்களில் அதுவும் வருவதில்லை. அங்கே மாட்டினால் தண்ணீரே வராது. சப்ளை நிற்கும்போதெல்லாம் கக்கிக்கொண்டும் இருக்கும். ஆலைக்குள், பூஸ்டர் பம்புக்குப் பிறகு, பாய்லருக்குப் போகும் கிளையில் மாட்டுங்கள். தெரு இணைப்புக்குக் காற்றிடைவெளிதான் மருந்து.

*

கோவையிலிருந்து:

அனைவருக்கும் நன்றி. எதுக்களிப்பு, பின்னிழுப்பு, பின்தள்ளல், கலப்பிணைப்பு, காற்றுறிஞ்சி, இரட்டைமடல் தடுப்பான், கக்குதடுப்பான் ஆகியவற்றை எடுத்துக்கொள்கிறேன். காற்றிடைவெளியைக் ‘காற்றிடை’ என்று சுருக்குகிறேன், பெருந்துறை நண்பர் மறுத்தால் மாற்றலாம்.

காற்றிடையை அத்தியாயத்தின் முதலில் வைக்கப் போகிறேன். சிறுவாணியோ பில்லூரோ, எந்தத் தண்ணீரானாலும் நம் ஊரில் வீட்டுக்கு முதலில் வந்து விழுவது சம்பில். தப்பு நடப்பதும் அங்கேதான். தண்ணீர் விழும் சத்தம் கேட்கக்கூடாது என்று ஃப்ளோட் வால்வின் வாயில் ஒரு துண்டு பைப் சொருகி, அதைச் சம்ப் தண்ணீருக்குள் முழுக விடுகிறார்கள். சப்ளை நின்று தெருக்குழாய் வடிந்தால் அந்தத் துண்டு பைப் வழியாகச் சம்ப் தண்ணீர் தெருவுக்குப் போகும். சம்பில் எலி செத்துக் கிடந்தால் அதுவும் ஊர்த் தண்ணீர்தான். காற்றிடை, குழாயின் உள்விட்டத்தைப் போல இரு மடங்கு, எப்படியும் 25 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. 20 மில்லிமீட்டர் குழாய்க்கு 40. அளக்க வேண்டியது வழக்கமான தண்ணீர் மட்டத்திலிருந்து அல்ல, ஃப்ளோட் பழுதாகித் தண்ணீர் எவ்வளவு ஏற முடியுமோ அந்த மட்டத்திலிருந்து. வழிவுக் குழாய் இல்லாத சம்பில் அந்த மட்டம் மூடியைத் தொடும், ஆக அங்கே காற்றிடையே இல்லை என்று அர்த்தம்.

அழுத்தம் போதாமல் வாசலில் குழி தோண்டி, தரைக்கு இரண்டடி கீழே குழாயை இறக்கித் தண்ணீர் பிடிக்கும் வழக்கத்தையும் எழுதுகிறேன். சாக்கடை ஊறி அந்தக் குழி நிரம்பும், குழாய் வாய் அதில் முழுகும், சப்ளை நின்றதும் உள்ளே போகும். மறுநாள் முதல் குடத்தில் வருவது அதுதான். தண்ணீரில் இருக்க வேண்டிய 0.2 மில்லிகிராம் குளோரின் அதற்கு ஈடுகொடுக்காது. எந்தக் கருவியாலும் இதைச் சரிசெய்ய முடியாது, குழியைத் தூர்த்துக் குழாயை மேலே ஏற்றிச் சம்ப் கட்டுவதே வழி.

கக்குதடுப்பானில் தொங்கவிடும் தகட்டுக்கு இந்த வாசகம் வைத்திருக்கிறேன், திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்:

“எதுக்களிப்புத் தடுப்பான். கீழே உள்ள வாயில் தண்ணீர் சொட்டினால் அடைக்காதீர்கள், பராமரிப்பாளரைக் கூப்பிடுங்கள். கடைசியாகச் சோதித்த நாள்: ______ முதல் மடல்: ______ இரண்டாம் மடல்: ______ கக்குவாய் திறந்த வித்தியாசம்: ______”