ஆஸ்திரேலிய ரோடு வேலை: தொல்குடி மரபு பிளான் முடியாமல் மண்ணைத் தொடவே கூடாதா?

ஒத்தக்கடை_சிவில்:

வணக்கம் மக்களே. மதுரையில் ஒரு டிசைன் ஆபீஸில் இருக்கிறேன். வெளிநாட்டு ரோடு வேலைகளுக்கு டிராயிங், குவான்டிட்டி, புரோகிராம் (வேலை அட்டவணை) எல்லாம் இங்கிருந்துதான் போகும். இப்போது கையில் இருப்பது ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் ஒரு சாலை அகலப்படுத்தும் வேலை, ஓர் ஓடையை ஒட்டிப் போகிறது. புரோகிராமில் மண் வேலைக்கு முன்னால் 'கல்ச்சுரல் ஹெரிடேஜ் மேனேஜ்மென்ட் பிளான்' (தொல்குடி மரபுச் சின்னங்களைக் காக்கும் திட்டம்) என்று ஒரு பட்டை நீளமாகக் கிடக்கிறது. அது முடிந்தால்தான் மற்றதெல்லாம் நகரும்படி இணைத்து வைத்திருக்கிறார்கள். இதற்கு நடுவில், ஒரு மரத்துக்காக சர்வீஸ் ரோட்டை வளைக்கச் சொல்லி மார்க்கப் (டிராயிங் மேல் திருத்தக் குறிப்பு) வந்திருக்கிறது. மரத்தில் பட்டை உரித்த தழும்பு இருக்கிறதாம், அவ்வளவுதான் விவரம்.

எங்கள் டீம் லீடு "நம்ம ஊர் தொல்லியல் துறை என்.ஓ.சி. மாதிரிதான், பேப்பர் வேலை, வந்துவிடும்" என்கிறார். நிஜமாகவே அப்படித்தானா? யார் கையெழுத்துப் போடுவது? தோண்டும்போது ஏதாவது கிடைத்தால் மொத்த வேலையும் நின்றுவிடுமா? இங்கே உட்கார்ந்து கோடு போடுகிற நாங்கள் கவனிக்க வேண்டியது ஏதாவது இருக்கிறதா, இல்லை அவர்கள் சொல்கிற இடத்தில் வளைத்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாமா? அந்தப் பக்கம் வேலை பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

நாகமலை_டூ_மெல்பர்ன்:

தம்பி, உங்கள் டீம் லீடு சொல்வதை நம்பி புரோகிராமைச் சுருக்கிவிடாதீர்கள். என்.ஓ.சி. என்றால் ஓர் அரசு அலுவலகம் கொடுப்பது. இங்கே அந்த பிளானுக்கு ஒப்புதல் கொடுப்பதும் மறுப்பதும் அந்த மண்ணுக்கு உரிய மக்களின் அமைப்பு. விக்டோரியாவில் 2006ஆம் ஆண்டின் அபாரிஜினல் ஹெரிடேஜ் சட்டம் அவர்களுக்கு 'ரெஜிஸ்டர்டு அபாரிஜினல் பார்ட்டி' என்று அந்தஸ்து கொடுத்திருக்கிறது, சைட்டில் ராப் என்பார்கள். மெல்பர்ன் வட்டாரத்தில் வுருண்ட்ஜெரி, பூனுரோங், ஜீலாங் பக்கம் வதவுரோங், கிழக்கே கிப்ஸ்லாண்டில் குனைகுர்னாய் என்று ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு மக்கள். இவர்களைப் பதிவு செய்யும் கவுன்சிலில் உட்கார்ந்திருப்பவர்களும் தொல்குடியினர்தான். ராப் இல்லாத இடத்தில் மட்டும் அரசுத் துறை பார்க்கும். பிளான் பாஸ் ஆகும்வரை உள்ளூர் கவுன்சில், அதாவது நம்ம நகராட்சி மாதிரி, பிளானிங் பெர்மிட் கொடுக்க முடியாது, சட்டமே தடுக்கிறது. புரோகிராமில் அந்த இணைப்பு வந்தது அதனால்தான்.

உங்கள் வேலைக்கு ஏன் பிளான் தேவைப்பட்டது என்பதற்கு ஓடைதான் காரணமாக இருக்கும். பெயருள்ள நீர்நிலையிலிருந்து 200 மீட்டருக்குள் இருக்கும் நிலத்தை விதிகள் மரபுச் சின்னங்கள் இருக்க வாய்ப்புள்ள பகுதியாக எடுத்துக்கொள்கின்றன. அதற்குள் ரோடு மாதிரி பெரிய மண் வேலை வந்தால் பிளான் கட்டாயம். தண்ணீர் இருந்த இடத்தில்தானே மனுஷன் அடுப்பு மூட்டியிருப்பான், கல்லைச் செதுக்கியிருப்பான். கீழடியும் அகரமும் கொந்தகையும் ஏன் வைகைப் பக்கமாகவே வரிசை கட்டி நிற்கின்றன என்று யோசித்தால் இந்த 200 மீட்டர் புரிந்துவிடும்.

வேலை எப்படி நடக்கும் என்றால், முதலில் பழைய பதிவு, வரைபடம், மண் வகை எல்லாவற்றையும் வைத்து மேஜை ஆய்வு. அது போதாது என்றால் நிலத்தில் நடந்து பார்ப்பார்கள். அதுவும் போதாது என்றால் கையால் குழி வெட்டி சலித்துப் பார்ப்பார்கள். ராப் ஆட்கள் நிலத்திலேயே கூட இருப்பார்கள். பிளானைக் கொடுத்த பிறகு அவர்கள் மதிப்பிட 30 நாள். அந்த 30 நாளை மட்டும் புரோகிராமில் போட்டுவிட்டு முன்னால் இருக்கிற ஆய்வுக் காலத்தை மறந்துவிடுவது பெரிய கம்பெனிகளிலும் நடக்கிறது. மழைக்காலத்தில் குழி வெட்ட முடியாமல் போவதும் உண்டு.

தழும்பு மரத்தைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். தொல்குடியினர் படகுக்கும் கேடயத்துக்கும் கூடைத் தட்டுக்கும் பட்டையை ஒரே துண்டாக உரித்து எடுத்த இடம் அது. மரம் உயிரோடு நிற்கிறது, தழும்பின் ஓரம் வளர்ந்து மூடிக்கொண்டிருக்கும். வேர் பரவுகிற தூரம் வரைக்கும் நோ-கோ ஸோன், அதாவது யாரும் நுழையக் கூடாத பகுதி, போடுவார்கள். அடிமரத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுவிட்டு அதன் ஓரத்திலேயே டிரெயினேஜ் டிரெஞ்சை ஓட்டினால் ரிவ்யூவில் திரும்பி வரும்.

இனி உங்களுக்கு வேண்டியது. பிளானில் 'ஆக்டிவிட்டி ஏரியா' என்று ஓர் எல்லை இருக்கும். ஒப்புதல் அந்த எல்லைக்குள்தான் செல்லும். ரோடு உள்ளே இருக்கும், அதில் தப்பு வராது. வெளியே நழுவுவது சின்னச் சின்ன விஷயங்கள்: மேல்மண் குவிக்கும் இடம், லாரி வந்துபோகிற தற்காலிகப் பாதை, சைட் ஆபீஸ், கல்வெர்ட் (ரோட்டுக்கு அடியில் தண்ணீர் போகும் சிறு பாலம்) அவுட்லெட்டில் கல் பதிக்கிற துண்டு. ஒரு வடிகாலை நாலைந்து மீட்டர் தள்ளி வைத்ததால் எல்லையைத் தாண்டி, பிளானைத் திருத்தப் போய், அதற்குள் மண் வேலை ஆட்கள் வேறு சைட்டுக்குப் போய்விட்ட கதை எனக்குத் தெரியும். எல்லைக் கோட்டை ஒரு தனி லேயராகப் போட்டு லாக் செய்து வையுங்கள். ஒவ்வொரு ரிவிஷனிலும் அதோடு ஒட்டிப் பாருங்கள்.

இன்னொன்று, மரபு இடங்கள் சரியாக எங்கே இருக்கின்றன என்கிற கோஆர்டினேட் ரகசியம். அந்த இடங்களின் பதிவேட்டை எல்லாரும் பார்த்துவிட முடியாது, திருட்டும் நாசமும் நடக்கும் என்பதால்தான். வாட்ஸ்ஆப் குரூப்பில் ஸ்கிரீன்ஷாட் போடுகிற பழக்கம் உங்கள் ஆபீஸிலும் இருந்தால் இதில் வேண்டாம்.

மேலூர்_மண்வேலை:

படித்துக்கொண்டே வந்தேன், ஒரு சந்தேகம். நான் இந்தப் பக்கம் ரோடு கான்ட்ராக்ட் எடுக்கிறவன். ஜேசிபி மணி வாடகையில் நிற்கும்போது தழும்பு இருக்கிற மரத்துக்காக ரோட்டை வளை என்றால் எனக்கு எரியும், மறைக்க மாட்டேன். ஆனால் நாங்களும் இதைச் செய்யாமல் இல்லை. ரோட்டுக்குள் கருப்பசாமி வந்துவிட்டால் ஊர்க்காரர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசி, பூசாரி சொல்கிற நாளில் பொங்கல் வைத்து, கெடா வெட்டி, பிடிமண் எடுத்து வேறு இடத்தில் சாமியை இறக்கி வைத்துவிட்டுத்தான் இயந்திரத்தை ஓட்டுவோம். எந்த எஸ்டிமேட்டிலும் இதற்கு ஒரு பைசா கிடையாது, என் கையிலிருந்துதான் போகும். ஒரு இடத்தில் சாமியாடி ஒத்துக்கொள்ளவே இல்லை, கடைசியில் கல்வெர்ட்டைத்தான் தள்ளிப் போட்டோம். சரி, அதே மாதிரி அங்கேயும் கல்லையும் மரத்தையும் மரியாதையாக எடுத்து வேறு இடத்தில் வைத்துவிட்டால் முடிந்ததில்லையா? எதற்கு இவ்வளவு பிளான்?

வைகைக்_குழி:

தொல்லியல் படிக்கிறேன், அதனால் அந்த என்.ஓ.சி. ஒப்பீட்டைப் பற்றி மட்டும். நம் மத்தியத் தொல்லியல் சட்டம் 1958ஆம் ஆண்டினுடையது, 2010இல் திருத்தினார்கள். பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் தடை, அதற்கு அப்பால் 200 மீட்டர் கட்டுப்பாடு. கவனியுங்கள், 'பாதுகாக்கப்பட்ட' என்று ஏற்கெனவே அறிவித்திருக்க வேண்டும். மாநிலத்துக்கு 1966 சட்டம் இருக்கிறது, அதிலும் அறிவிப்பு வேண்டும். அறிவிக்காத மேட்டில் தாழி உடைந்தால் நமக்குக் கிடைப்பது 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம்: பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளது மண்ணுக்குள் கிடைத்தால் கலெக்டருக்குச் சொல்ல வேண்டும். வெள்ளைக்காரன் காலத்து பத்து ரூபாய்! கீழடியில் 2014-15இல் மத்தியத் தொல்லியல் துறை குழி போடும்வரை பள்ளிச்சந்தைத் திடல் வெறும் தென்னந்தோப்பு. அதன் குறுக்கே ஒரு பைபாஸ் வந்திருந்தால் எந்த 100 மீட்டரும் காப்பாற்றியிருக்காது. விக்டோரியாவில் யாரும் எதையும் கண்டுபிடிக்காத நிலத்துக்கும், ஓடை அருகே இருப்பதாலேயே முன்கூட்டியே பார்க்க வேண்டும் என்கிறார்கள். எனக்குப் பெரிய வித்தியாசமாகத் தெரிவது அதுதான்.

ஆனால் ஆஸ்திரேலியாவை அப்படியே தூக்கிக் கொண்டாடவும் வேண்டாம். மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு. மேற்கு ஆஸ்திரேலியாவில் 2020 மே 24 அன்று ஜூகன் பள்ளத்தாக்கின் பாறைக் குகைகளை ரியோ டின்டோ என்ற சுரங்கக் கம்பெனி இரும்புத் தாதுவுக்காக வெடிவைத்துத் தகர்த்தது. 46,000 ஆண்டுகளாக மனிதர் வந்துபோன இடம். பூட்டு குண்டி குர்ரமா, பினிகுரா மக்களுடையது. இதில் கொடுமை, எல்லாம் அனுமதியோடு நடந்தது. அந்த மாநிலத்தின் 1972ஆம் ஆண்டு தொல்குடி மரபுச் சட்டத்தின் 18ஆம் பிரிவில் 2013இல் அனுமதி வாங்கிவிட்டார்கள். அடுத்த ஆண்டு அங்கே தோண்டியபோதுதான் 4,000 ஆண்டுப் பழமையான, மனித முடியால் பின்னிய பொருளெல்லாம் கிடைத்தது. அந்த முடியின் மரபணு இப்போதிருக்கும் அதே மக்களோடு ஒத்துப்போனது. புதிதாக இவ்வளவு தெரிந்த பிறகு கொடுத்த அனுமதியை மறுபடி எடுத்துப் பார்க்க அந்த மக்களுக்கு வழியே இல்லை. கடைசியில் கம்பெனித் தலைவரும் இரண்டு பெரிய அதிகாரிகளும் பதவி இழந்தார்கள், குகை திரும்பவா வரும்? அதற்குப் பிறகு கொண்டுவந்த புதுச் சட்டம் 2023 ஜூலையில் அமலுக்கு வந்து, விவசாய நிலக்காரர்களின் எதிர்ப்பில் சில மாதங்களிலேயே வாபஸ், மறுபடி 1972 சட்டம்தான், கொஞ்சம் திருத்தங்களோடு.

எனவே ஒத்தக்கடை அண்ணா, உங்கள் டிராயிங்கில் 'ஒப்புதல் கிடைத்தது' என்று முத்திரை இருந்தால் மட்டும் நிம்மதியாகிவிடாதீர்கள், எந்தத் தேதி ஒப்புதல், அதற்குப் பிறகு என்ன கிடைத்திருக்கிறது என்றும் கேளுங்கள்.

நாகமலை_டூ_மெல்பர்ன்:

தங்கச்சி சரியாகச் சொன்னார். மேலூர் அண்ணே, உங்கள் கேள்வி நல்ல கேள்வி. நகர்த்துவதும் உண்டு. செதுக்கிய கல் துண்டுகளைச் சேகரித்துப் பதிவு செய்து, வேலை முடிந்ததும் அதே நிலத்தில் பாதுகாப்பான மூலையில் திரும்பப் புதைப்பது பல பிளான்களில் இருக்கும். ஆனால் உங்கள் கதையில் பிடிமண் எடுக்கலாம் என்று சொன்னது யார்? ஊர். நீங்கள் அல்ல, ஜேசிபி டிரைவரும் அல்ல. சாமியாடி மாட்டேன் என்றதும் கல்வெர்ட்டைத் தள்ளினீர்கள் இல்லையா, அங்கே அதைத்தான் சட்டத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள், அதுவும் டெண்டருக்கு முன்னால், அதனால் செலவு உங்கள் பையிலிருந்து போகாது. உங்களுக்கு வந்த சிக்கல் எல்லாம் அலைன்மென்ட் (ரோடு போகும் பாதை) முடிவான பிறகு ஊரைக் கேட்டதால் வந்தது.

சிட்னியில் லைட் ரெயில் போட்டபோது ராண்ட்விக்கில் ரயில் நிறுத்தும் யார்டு தோண்ட, 20,000க்கும் மேல் கல் பொருட்கள் வந்தன, 2016இல். அதுவரை யாருக்கும் அங்கே அவ்வளவு இருக்கும் என்று தோன்றவில்லை, சுற்றிலும் ஊர். யார்டும் அங்கேயேதான் கட்டப்பட்டது.

யார் பேசுவது என்பதிலும் தகராறு வரும், அதையும் சொல்ல வேண்டும். விக்டோரியாவிலேயே வெஸ்டர்ன் ஹைவேயை அகலப்படுத்தும்போது ஜாப் வுருங் என்ற தொல்குடி மக்கள் புனிதமாகக் கருதும் மரங்களுக்காகப் பெரிய போராட்டம். பதிவு பெற்ற அமைப்போடு பேசி அலைன்மென்டை மாற்றி சில மரங்களை விட்டார்கள். முகாம் போட்டு உட்கார்ந்த மக்கள் அது போதாது என்றார்கள். 2020 அக்டோபரில் ஒரு மரத்தை வெட்டியதும் விஷயம் கோர்ட்டுக்குப் போய் வேலை நின்றது. ராப் கையெழுத்து இருந்தால் எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள் என்று அர்த்தமில்லை.

மொத்த வேலையும் நிற்குமா என்று கேட்டிருந்தீர்கள். கல் பொருள் கிடைத்தால் அந்த இடத்தைச் சுற்றி நிறுத்தி, வேலி கட்டி, ஹெரிடேஜ் அட்வைசரையும் (பிளானைத் தயாரிக்கும் மரபு நிபுணர்) ராப்பையும் கூப்பிட வேண்டும். எவ்வளவு தூரம், எத்தனை நாளில் என்பதெல்லாம் பிளானின் எதிர்பாராத கண்டெடுப்புப் பகுதியில் எழுதியிருக்கும், மற்ற இடத்தில் வேலை ஓடலாம். எலும்பு என்றால் வேறு. மனித எலும்போ என்று சந்தேகம் வந்தாலே கை வைக்காமல் நிறுத்தி போலீஸுக்கும் மரணங்களை விசாரிக்கும் கரோனர் அலுவலகத்துக்கும் சொல்ல வேண்டும். போட்டோ எடுத்துப் பகிர்வதெல்லாம் கூடவே கூடாது.

மேலூர்_மண்வேலை:

டெண்டருக்கு முன்னாலேயே கேட்டால் எனக்கும் சந்தோஷம்தான், யார் கேட்கிறார்கள். அரிட்டாபட்டி என்ன ஆச்சு? 2022இலேயே பல்லுயிர் மரபுத் தலம் என்று அரசாணை போட்ட ஊர். சமணர் படுகை, தமிழி கல்வெட்டு, பாண்டியர் குடைவரை, எங்கள் சாமி எல்லாம் அந்த மலைகளில் இருக்கிறது. 2024 நவம்பரில் டங்ஸ்டன் சுரங்க ஏலம் முடிந்த பிறகுதான் எங்களுக்கே தெரியும். கிராமசபைத் தீர்மானம், சட்டசபைத் தீர்மானம், மேலூரிலிருந்து தல்லாகுளம் வரைக்கும் பேரணி, எல்லாம் ஆன பிறகு 2025 ஜனவரியில் ரத்து செய்தார்கள். அங்கே முதல் பக்கத்தில் இருப்பது இங்கே கடைசிப் பக்கத்தில் நடந்தது. அந்த மாதிரி ஓர் ஊர் அமைப்புக்குக் கையெழுத்து அதிகாரம் இங்கே வந்தால் என் மாதிரி ஆளுக்குக் கஷ்டம்தான், ஆனாலும் அரிட்டாபட்டிக்காக ஒத்துக்கொள்வேன்.

ஒத்தக்கடை_சிவில்:

எல்லாருக்கும் நன்றி. எல்லை லேயரை இன்று போட்டுப் பார்த்தேன், செடிமென்ட் பேசின் (மழைத் தண்ணீரில் வரும் மண்ணைத் தேக்கும் குழி) ஒன்றின் ஒரு மூலை வெளியே நிற்கிறது. அது பக்கத்து விவசாயி காலங்காலமாக உழுகிற நிலம், 'ஏற்கெனவே கலைந்த மண்' என்று காட்டி அப்படியே விடலாமா என்று லீடு கேட்கிறார்.

நாகமலை_டூ_மெல்பர்ன்:

விட முடியாது. சாதாரண உழவு கணக்கில் வராது. இயந்திரத்தால் மேல்மண் பெரிதாகக் கலைந்திருக்க வேண்டும், அல்லது ரிப்பர் என்ற ஆழ உழவுக் கருவி போட்டு 60 சென்டிமீட்டரோ அதற்கு மேலோ ஆழமாகக் கிளறியிருக்க வேண்டும், அதற்கும் ஆதாரம் காட்ட வேண்டும். பேசினை உள்ளே இழுங்கள். கொள்ளளவு குறைந்தால் நீளமாக்கிப் பாருங்கள், ஆழமாக்குவதாக இருந்தால் மட்டும் அட்வைசரிடம் முதலில் கேளுங்கள். பிளானில் தோண்டும் ஆழமும் எழுதியிருக்கும்.