சங்கிலிக் கவசமா, வளையப்பின்னலா?

இரும்பு வளையங்களைக் கோத்துப் பின்னிய இடைக்கால ஐரோப்பியக் கவசத்துக்குத் தமிழ்ச்சொல் தேடுகிறோம். உங்கள் கேள்விகளும் என் பதில்களும் கீழே.

> 'சங்கிலிக் கவசம்' ஏற்கெனவே புழங்குகிறதே ஐயா, இன்னொரு சொல் எதற்கு?

சங்கிலியில் ஒரு கண்ணி பிடிப்பது முன்னும் பின்னுமாக இரண்டைத்தான். 13ஆம் நூற்றாண்டு பிரெஞ்சுக் குதிரைவீரரின் ஓபேர் எனும் வளையச் சட்டையில் ஒவ்வொரு வளையமும் சுற்றிலும் நான்கைக் கோத்துக்கொண்டு நிற்கும். கம்பியின் இரு முனைகளையும் தட்டித் தட்டையாக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துத் துளையிட்டு, சிறு ஆணியால் இறுக்கியிருப்பார்கள். முனைகளை வெறுமனே முட்டவிட்டால் ஈட்டி குத்தியதும் வளையம் வாய்பிளந்துவிடும்.

அதைவிட முக்கியம், பிரெஞ்சில் இந்தப் பின்னலைக் குறிக்கும் 'மாய்' என்பது உடையின் பெயரன்று, பொருளின் பெயர். முழங்கால் வரை வரும் ஓபேர், அதைவிடக் குட்டையான ஓபேர்ஜோன், தலைமூடி, காலுறை எல்லாமே அதில் செய்தவை. 14ஆம் நூற்றாண்டில் தகடுகள் வந்த பிறகும் அக்குளை மறைக்க அதுதான் வேண்டியிருந்தது. துணிக்கு ஒரு பெயர், சட்டைக்கு ஒரு பெயர் என்று நமக்கும் இரண்டு தேவை. 'கவசம்' என்று முடித்துவிட்டால் மேலே ஒட்ட இடமிருக்காது.

> அப்படியானால் 'கண்ணிப்பின்னல்'?

கண்ணி என்றதும் இன்று வெடிதான் நினைவுக்கு வரும். 'வளையப்பின்னல்' என்போம். வளையப்பின்னல் சட்டை, குறுஞ்சட்டை, முக்காடு, காலுறை எனத் தடையின்றி நீளும். தலைக்கவசத்திலிருந்து தொங்கிக் கழுத்தை மூடும் காமாய்க்கு 'கழுத்துத்திரை' போதும்: தலைச்சீராவின் (தலைக்கவசத்தின்) விளிம்பில் வரிசையாகச் சிறு குழல்கள் துருத்திக்கொண்டிருக்கும், பின்னலின் மேல்விளிம்பில் தைத்த தோல்பட்டையின் துளைகளை அவற்றில் மாட்டி, குழல்களின் ஊடே கயிறு ஓட்டுவார்கள். கயிற்றை உருவினால் திரை தனியே வந்துவிடும்.

> பின்னலுக்கு உள்ளே போடும் தடித்த துணிச்சட்டையான காம்பெசோனுக்கு நான் 'பஞ்சுக்கவசம்' என்று எழுதி வருகிறேன்.

பஞ்சு எல்லாவற்றிலும் இல்லையே. வெறும் லினன் துணியை அடுக்கித் தைத்ததும் உண்டு. 15ஆம் நூற்றாண்டில் பதினோராம் லூயி காலத்து ஒழுங்குமுறை, வீரரின் ஜாக்கெட்டுக்கு 25 அல்லது 30 மடிப்புத் துணியும் ஒரு மான்தோலும் கேட்கிறது. துணியும் புதியதாக இருக்கக்கூடாது, பழகி நைந்திருக்க வேண்டும். 'அடுக்குச்சட்டை' என்றால் இரண்டு வகையும் அடங்கும். முல்லைப்பாட்டில் யவனக் காவலர் அணியும் 'மெய்ப்பை' அழகான சொல்தான், ஆனால் அது பொதுவாகச் சட்டையைக் குறிப்பது. இங்கே வீணாக்க வேண்டாம்.

விளக்கக் குறிப்பில் ஒன்று சேருங்கள்: அடுக்குச்சட்டை இல்லாமல் வளையப்பின்னல் பாதி வேலைதான் செய்யும். வாள் தோலை அறுக்காது, ஆனால் அடி உள்ளே இறங்கி எலும்பு முறியும். சட்டையின் எடையோ ஏறக்குறைய 10 கிலோ, முழுதும் தோளில் தொங்கும். அதனால் இடுப்பில் வாரை இறுக்கிக் கட்டி, பின்னலைச் சற்று மேலே இழுத்து வாரின்மேல் தொய்யவிட வேண்டும். பாரத்தில் ஒரு பங்கு இடுப்புக்குப் போகும்.

> சரி. மேலே போடும் கையில்லாத துணிக்கு?

'மேலங்கி' போதும். தகட்டுக் கவசத்தை அடுத்த மடலில் எடுப்போம், அங்கே மூட்டு மூட்டுக்கு ஒரு பெயர்.